நான்கு ரூபாய்க்கு ஒரு கிலோ மாவு: மாணவர் புராஜெக்ட் கேள்வி பதில்

கல்லூரிகளில் புராஜெக்ட் ஒப்படைக்கும் காலம் நெருங்குவதால், பிரவுசரும், அது கேட்பதற்குப் பதில் தரும் சர்வரும் பேசிக்கொள்ளும் சிறிய செயலி ஒன்றைக் கட்டுகிற மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில் எழுத ஒப்புக்கொண்டேன். சென்னையில் 22 ஆண்டுகளாகச் சர்வர் பக்க நிரல் எழுதிச் சம்பளம் வாங்குகிறவன் என்பதே என் தகுதி. கைபேசி ஆப், கேம், வேலைவாய்ப்பு பற்றிக் கேட்டால் ஒரு வரியில் நழுவிவிடுவேன்.

கேள்வி (வேளச்சேரி, மூன்றாம் ஆண்டு மாணவி): எங்கள் பாட்டி வீட்டிலேயே இட்லி மாவு அரைத்துத் தெருவில் விற்கிறார். அவருக்கு ஆர்டர் எடுக்கும் செயலியை பைத்தான் மொழி, வெப் பக்கங்களைத் தரும் ஃபிளாஸ்க், தரவைச் சேமிக்கும் எஸ்க்யூலைட் டேட்டாபேஸ் கொண்டு செய்திருக்கிறேன். படிவத்தில் பொருளும் அளவும் தெரியும்; விலையை மறைத்து வைத்திருக்கிறேன். கைடு நன்றாக இருக்கிறது என்றார். நீங்கள் குறை சொல்லுங்கள் சார்.

பதில்: நீங்கள் அனுப்பிய சோதனை முகவரியைத் திறந்து, பக்கத்தின் உள்நிரலைக் காட்டும் எஃப்12 பொத்தானை அழுத்தினேன். மறைத்து வைத்ததாக நீங்கள் சொல்லும் விலை அங்கே 40 என்று பளிச்சென்று தெரிந்தது. அதை அழித்துவிட்டு 4 என்று எழுதி, அளவு 5 கிலோ என்று போட்டு அனுப்பினேன். ‘உங்கள் ஆர்டர் ஏற்கப்பட்டது, மொத்தம் 20 ரூபாய்’ என்று உங்கள் சர்வர் எனக்கு நன்றி சொன்னது. பாட்டிக்கு 180 ரூபாய் நட்டம். எனக்கு அரை நிமிட வேலை. பிறகு விலையைத் தொடாமல் அளவில் மைனஸ் 2 என்று போட்டேன். அதையும் மறுக்காமல், மைனஸ் 80 ரூபாய்க்குப் பில் போட்டது.

படிவத்தில் மறைத்து வைப்பது கண்ணுக்குத்தான் மறைவு, கைக்கு மறைவல்ல. நம் ஊரில் ஓட்டலில் பரிமாறுகிறவருக்கும் சர்வர் என்றே பெயர் இருப்பது இதை விளக்க வசதியாகிவிட்டது. சாப்பிட வந்தவர் ‘இரண்டு இட்லி, ஒரு வடை’ என்று சொல்லலாம். ‘இட்லி இன்று ஒரு ரூபாய்’ என்றும் அவரே சொன்னால் எந்தச் சர்வரும் அதைச் சீட்டில் எழுதிக்கொள்ள மாட்டார். உங்கள் சர்வர் எழுதிக்கொண்டது. ஆகவே படிவத்திலிருந்து பொருளின் எண்ணும் அளவும் மட்டும் வரட்டும். விலையைச் சர்வர் டேட்டாபேஸிலுள்ள தன் டேபிளிலிருந்து (தரவு அட்டவணையிலிருந்து) தானே எடுத்துப் பெருக்கட்டும். அளவு எண்தானா, பூஜ்ஜியத்துக்கு மேற்பட்டதா, பாட்டியால் ஒரு நாளில் அரைக்கக்கூடிய அளவுக்குள் இருக்கிறதா என்பதையும் அங்கேயே பார்க்கவேண்டும். பிரவுசரில் நீங்கள் எழுதியிருக்கும் ஜாவாஸ்கிரிப்ட் சோதனையை நீக்கவேண்டாம். தவறாகத் தட்டியவருக்கு உடனே சொல்ல அது உதவும். ஆனால் அது வாடிக்கையாளருக்குச் செய்யும் மரியாதை மட்டுமே, கடைக்குப் பூட்டு அல்ல. பிரவுசர் சொல்வதை நம்பாதீர்கள் என்ற இந்த வாக்கியத்தை இன்று நான் பல முறை எழுதப்போகிறேன் என்று நினைக்கிறேன்.

இன்னும் ஒன்று. ஆர்டர் டேபிளில் பொருளின் எண்ணை மட்டும் வைத்திருக்கிறீர்கள். உளுந்து விலை ஏறி அடுத்த மாதம் பாட்டி 45 ரூபாய் ஆக்கினால், சென்ற மாதப் பில்களும் சேர்ந்து 45 ஆகிவிடும். ஆர்டர் போட்ட நேரத்து விலையை அந்த வரிசையிலேயே எழுதிவையுங்கள். பைசா கணக்கில் முழு எண்ணாக எழுதினால் தசமத் தொல்லையும் இராது.

கேள்வி (தாம்பரம்): என் மடிக்கணினியில் செயலி அருமையாக ஓடுகிறது. அதே முகவரியை நண்பனின் கைபேசியில் அடித்தால் திறக்கவில்லை.

பதில்: நீங்கள் அடிக்கும் லோக்கல்ஹோஸ்ட், அதாவது 127.0.0.1, ஒவ்வொரு கருவியும் தன்னைத்தானே அழைத்துக்கொள்ளும் பெயர். ஆட்டோவில் ஏறி ‘எங்கள் வீட்டுக்குப் போங்கள்’ என்று சொல்வதைப் போன்றது அது. நண்பனின் கைபேசி தனக்குள்ளேயே சர்வரைத் தேடி, காணாமல் திரும்புகிறது. ஃபிளாஸ்க்கை 0.0.0.0 என்ற முகவரியில், அதாவது வெளிக் கருவிகளின் அழைப்பையும் ஏற்கும்படி துவக்கி, கைபேசியில் உங்கள் கணினியின் வைஃபை முகவரியையும் (பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும்) முன்னிருப்பாக அமையும் 5000 என்ற போர்ட் எண்ணையும் (கணினிக்குள் எந்த நிரலுக்கு என்று காட்டும் எண்) அடியுங்கள். விண்டோஸ் ஃபயர்வால் கேட்கும்போது அனுமதி கொடுங்கள். இவ்வளவு செய்தும் கல்லூரி வைஃபையில் திறக்காவிட்டால் நிரலைக் குடையாதீர்கள்; ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி பல கல்லூரிகளில் வைஃபையை அமைத்திருப்பார்கள். கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் இரண்டையும் இணைத்துக் காட்டுங்கள். 0.0.0.0 போடும் அன்று டீபக் (பிழை தேடும்) நிலையை அணைத்துவிடவேண்டும், ஏனெனில் அந்நிலையில் தோன்றும் பிழைப் பக்கத்தின் வழியே அந்நியர் உங்கள் கணினியில் நிரல் ஓட்ட இடமுண்டு.

கேள்வி (ஆவடி): ரெடிமேட் புராஜெக்ட் வாங்கிக் கொடுத்தால் கண்டுபிடித்துவிடுவார்களா?

பதில்: ‘இந்த வரி என்ன செய்கிறது?’ என்ற ஒரே கேள்வியில்.

கேள்வி (கிண்டி, இறுதியாண்டு): சர்வரையும் பிரவுசரையும் ஒரே மடிக்கணினியில் ஓட்டிக் காட்டினேன். இது கிளையன்ட்-சர்வர் ஆகாது, இரண்டு கணினிகள் வேண்டும் என்று ரெவ்யூவில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சரியா?

பதில்: சரியில்லை. கிளையன்ட், சர்வர் என்பவை பெட்டிகளின் பெயர்களல்ல, வேடங்களின் பெயர்கள். ஒரு போர்ட்டில் காத்திருந்து, கேட்டால் பதில் தரும் நிரல் சர்வர். முதலில் வாய் திறக்கும் நிரல் கிளையன்ட். இரண்டும் ஒரே இயந்திரத்தில் ஓடினாலும் அவற்றுக்கிடையே எச்டிடிபி (வெப்பில் பேசிக்கொள்ளும் முறை) வேண்டுகோளும் பதிலும் முழுமையாகப் போய்வருகின்றன. எஃப்12 அழுத்தி நெட்வொர்க் பகுதியில் அந்தப் போக்குவரத்தைத் திறந்து காட்டுங்கள்.

கேள்வி (சோழிங்கநல்லூர், பணியில் 4 ஆண்டுகள்): மன்னிக்கவும், இதை ஏற்க முடியாது. வேடம் என்பதெல்லாம் பாடப்புத்தகப் பேச்சு. நெட்வொர்க்கைக் கடக்காத ஒன்றை யாரும் கிளையன்ட்-சர்வர் என்று சொல்வதில்லை.

பதில்: வெப் பிறந்த கதையே உங்களுக்கு எதிராக இருக்கிறது. 1990 இறுதியில் செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ எழுதிய முதல் பிரவுசரும் முதல் வெப் சர்வரும் அவருடைய மேசையிலிருந்த ஒரே நெக்ஸ்ட் கணினியில் ஓடியவை. ‘இந்த இயந்திரம் ஒரு சர்வர், அணைக்காதீர்கள்’ என்று சிவப்பு மையில் எழுதி அதன் மேல் ஒட்டியிருந்தார். அதை கிளையன்ட்-சர்வர் அல்ல என்று திருப்பி அனுப்புவீர்களா?

கேள்வி (அதே சோழிங்கநல்லூர்): அது ஆரம்பகாலச் சோதனை. நடைமுறையில் சர்வர் என்றால் தொலைவில் இருக்கும் பெரிய இயந்திரம், கிளையன்ட் என்றால் நம் கையில் இருப்பது. மாணவர்களைக் குழப்பாதீர்கள்.

பதில்: இந்த இலக்கணத்தைத்தான் உடைக்க விரும்புகிறேன். 1984-இல் அமெரிக்காவின் எம்ஐடி கல்வி நிறுவனத்தில் உருவான, திரையில் சாளரங்களைக் காட்டும் எக்ஸ் விண்டோ அமைப்பில், நீங்கள் உட்கார்ந்திருக்கும் திரையையும் விசைப்பலகையையும் ஆள்வதுதான் சர்வர். எங்கோ தொலைவில் பெரிய இயந்திரத்தில் ஓடும் நிரல், ‘இங்கே ஒரு கோடு வரை’ என்று அதனிடம் வந்து கேட்கும் கிளையன்ட். தொலைவு, அளவு இரண்டுமே உங்கள் விளக்கத்துக்கு நேர்மாறு. அவ்வளவு தூரம் போவானேன்? வேளச்சேரி மாணவியின் செயலி நாளைக்கே ஒரு எஸ்எம்எஸ் சேவையிடம் ‘இந்த எண்ணுக்குச் செய்தி அனுப்பு’ என்று கேட்டால், அந்தக் கணத்தில் அவருடைய சர்வரே கிளையன்ட் ஆகிவிடுகிறது. பெட்டி மாறவில்லை, வேடம் மாறுகிறது.

ஆனாலும் உங்கள் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. அதை நான் முதலிலேயே சொல்லியிருக்கவேண்டும். ஒரே கணினியில் ஓட்டும்போது தாமதம் தெரியாது, இணைப்பு அறுபடாது, பாதி வழியில் வேண்டுகோள் தொலையாது. மின்சார ரயிலில் போகிறவரின் கைபேசி ‘ஆர்டர் செய்’ பொத்தானுக்குப் பதில் வராமல் தவிக்க, அவர் அதை மூன்று முறை அழுத்த, மூன்று ஆர்டர்கள் பதிவாகும் கோளாறு லேப் மேசையில் ஒருநாளும் வெளிப்படாது. அதற்கு வழி, படிவத்தைக் காட்டும்போதே ஓர் எண்ணை அதனுடன் கொடுத்து, அதே எண்ணோடு மறுமுறை வருவதைச் சர்வர் புதிய ஆர்டராக ஏற்காமல் விடுவது. கிண்டி மாணவர் ரெவ்யூவில் வாதாடி வெல்வதைவிட, சக மாணவரின் கைபேசியை இரண்டாவது கருவியாக நீட்டிவிடுவது எளிது. மடிக்கணினியின் மூடியை மூடினால் அது தூங்காதபடி அமைத்துவிட்டு, சிவப்பு மையில் ஒரு சீட்டும் ஒட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி (பெரம்பூர்): மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் தமிழ்ப் பெயர்களைச் சேமித்தால் எல்லாம் கேள்விக்குறிகளாக வருகின்றன.

பதில்: வருவது உண்மையிலேயே கேள்விக்குறிகளா, அல்லது தலையில் கோடிட்ட ஐரோப்பிய எழுத்துகளா என்று முதலில் பாருங்கள். ஐரோப்பிய எழுத்துகள் என்றால், பைட்டுகள் பெரும்பாலும் பத்திரமாக இருக்கின்றன, படிக்கிறவர்தான் தவறான கண்ணாடி போட்டிருக்கிறார், மீட்டுவிடலாம். டேபிளுக்குள்ளேயே கேள்விக்குறி என்றால், லத்தீன் எழுத்துக்கென அமைந்த இடத்தில் தமிழைத் திணிக்க முடியாமல் மைஎஸ்க்யூஎல் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறியை எழுதிவிட்டது. பழைய பெயர்கள் போனவை போனவைதான், மறுபடி தட்டவேண்டும். டேபிள், இணைப்பு இரண்டையும் எல்லா மொழி எழுத்துகளையும் ஏற்கும் யுடிஎஃப்8எம்பி4 என்ற குறிமுறைக்கு மாற்றுங்கள். மைஎஸ்க்யூஎல் 8.0 பதிப்பில் அதுவே முன்னிருப்பு, 5.7-இல் இல்லை. வெறும் யுடிஎஃப்8 என்று மைஎஸ்க்யூஎல்லில் பெயரிட்டிருப்பது எழுத்துக்கு 3 பைட்டு வரைதான் தாங்கும். தமிழ் அதற்குள் அடங்கிவிடும், ஆனால் யாராவது பெயரோடு ஒரு இமோஜி போட்டால் சிக்கிக்கொள்ளும்.

கூடவே, ‘தமிழ்’ என்பதன் நீளத்தை ஜாவாஸ்கிரிப்ட்டிடம் கேட்டுப் பாருங்கள். நாம் மூன்று எழுத்து என்போம், அது 5 என்னும். இகரக் குறியையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணுவதால் வருவது அது. யுடிஎஃப்8-இல் அதே சொல் 15 பைட்டு. பெயருக்கு 10 எழுத்துதான் என்று வரம்பு வைப்பவர்கள் இதை அறியாமல் பாதிப் பெயரை வெட்டுகிறார்கள்.

கேள்வி (போரூர்): லோக்கல்ஹோஸ்ட் என் கைபேசியில் திறக்கவில்லை சார்.

பதில்: தாம்பரத்துக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கேள்வி (மயிலாப்பூர்): உள்நுழைந்தவரின் பெயரை குக்கியில் வைத்து, ‘அட்மின்’ என்று இருந்தால் நிர்வாகப் பக்கத்தைத் திறக்கிறேன். போதுமா?

பதில்: பிரவுசர் சொல்வதை நம்பாதீர்கள். குக்கி என்ற சிறு குறிப்பு இருப்பது பயனரின் கணினியில். யார் வேண்டுமானாலும் ‘அட்மின்’ என்று திருத்திக்கொள்வார். எச்டிடிபிக்கு நினைவு கிடையாது என்பதால் ஏதோ ஓர் அடையாளம் தேவைதான். டோக்கன் வாங்கிச் சாப்பிடும் கடையில் கவுண்டருக்குள் நிற்பவர் உங்கள் முகத்தை நினைவில் வைப்பதில்லை, கையிலுள்ள டோக்கனைப் பார்க்கிறார். அந்த டோக்கனைக் கடைதான் அச்சடிக்கவேண்டும். யூகிக்க முடியாத நீண்ட எண் ஒன்றைக் குக்கியில் கொடுத்து, அது யாருடையது என்பதைச் சர்வரில் வைத்திருங்கள். உள்நுழைந்தவரை நினைவில் வைக்கும் ஃபிளாஸ்க்கின் செஷன் வேறு வழியில் போகிறது: குக்கியிலேயே விவரத்தை வைத்து அதற்குக் கையொப்பம் இடுகிறது. பிறர் படிக்கலாம், ஆனால் ரகசியச் சாவி இல்லாமல் திருத்த முடியாது. அந்தச் சாவியை நிரலுக்குள் எழுதி யாரும் பார்க்கும்படி கிட்ஹப் தளத்தில் ஏற்றிவிட்டுப் பெருமைப்படுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

கேள்வி (அம்பத்தூர்): கடவுச்சொல்லை எம்டி5 செய்து வைத்தால் பாதுகாப்பா?

பதில்: இல்லை. கடவுச்சொல்லைப் புரியாத குறியாக மாற்றும் எம்டி5 1992-இல் வெளியானது, வேகத்துக்காக அமைந்தது. குறிகளைத் திருடி, ஒவ்வொரு சொல்லாக மாற்றிப் பார்த்துக் கடவுச்சொல்லை யூகிப்பவருக்கும் அதே வேகம் கிடைக்கிறது. மெதுவாக ஓடவேண்டும் என்றே 1999-இல் வடிவமைத்த பிகிரிப்ட்டைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி (குரோம்பேட்டை): பக்கம் கட்டும் ரியாக்டும் மோங்கோ டேட்டாபேஸும் இல்லாவிட்டால் புராஜெக்ட்டை மதிக்க மாட்டார்கள் என்கிறார்கள்.

பதில்: மூன்று டேபிளும் நான்கு பக்கமும் உள்ள செயலிக்கு எஸ்க்யூலைட்டும் சாதாரண எச்டிஎம்எல்லும் தாராளம்.

கேள்வி (சாந்தோம்): டி'சூசா என்ற பெயரைச் சேர்த்தால் மட்டும் 500 (சர்வர் கோளாறு) பிழை வருகிறது. மற்ற பெயர்கள் சரியாக இருக்கின்றன.

பதில்: இப்படிப் பெயருள்ளவர்கள் உங்கள் பகுதியில் வசிப்பதால் இது கண்ணில் பட்டது, நல்லதாயிற்று. பெயரை டேட்டாபேஸுக்குக் கட்டளையிடும் எஸ்க்யூஎல் வாக்கியத்தோடு ஒட்டி எழுதுகிறீர்கள். பெயருக்குள் இருக்கும் ஒற்றை மேற்கோள்குறி வாக்கியத்தை அங்கேயே முடித்துவிடுகிறது. குறியை நீக்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள், அது அவருடைய பெயர். தெரியாமல் நுழைந்த குறியே இவ்வளவு செய்தால், தெரிந்து எழுதுகிறவர் மீதிப் பெயரின் இடத்தில் டேபிளையே காலிசெய்யும் கட்டளையை எழுதுவார். வாக்கியத்தில் கேள்விக்குறியை இட்டு, மதிப்பைத் தனியாகக் கொடுங்கள்; எஸ்க்யூலைட் அதை வெறும் பெயராக மட்டுமே பார்க்கும். பிரவுசர் சொல்வதை நம்பாதீர்கள், மூன்றாம் முறை.

கேள்வி (ஆலந்தூர்): லோக்கல்ஹோஸ்ட்...

பதில்: தாம்பரம்.

கேள்வி (வேளச்சேரி மாணவி): விலையைச் சர்வருக்கு மாற்றிவிட்டேன் சார். இப்போது வேறு சிக்கல். 12-ஆம் தேதி காலை 5 மணிக்கு வந்த ஆர்டர் 11-ஆம் தேதிக் கணக்கில் விழுகிறது. 6 மணி ஆர்டர் சரியாக இருக்கிறது. பாட்டி தன் நோட்டில் எழுதியதோடு ஒத்துப்பார்த்துக் கண்டுபிடித்தார். செயலி வந்தாலும் நோட்டை விடமாட்டேன் என்கிறார்.

பதில்: எஸ்க்யூலைட் தானாகப் போடும் நேரம் உலகப் பொது நேரம், நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் இருக்கிறது. காலை 5 மணி என்பது அங்கே முந்தைய இரவு 11.30. ஆகவே விடியற்காலை 5.30-க்கு முன் வருவதெல்லாம் நேற்றைய கணக்குக்குப் போகும். பகலில் மட்டும் சோதித்திருந்தால் இது உங்களுக்குத் தெரிந்திருக்காது. சேமிப்பது அப்படியே இருக்கட்டும். நாள்வாரியாகக் கூட்டும்போதும் திரையில் காட்டும்போதும் ஐந்தரை மணியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நோட்டை விடச் சொல்லவேண்டாம். ஒரு மாதம் இரண்டும் ஓடட்டும். தினமும் இரவு இரண்டின் மொத்தத்தையும் ஒப்பிட்டு, வேறுபட்ட நாள்களைப் புராஜெக்ட் அறிக்கையில் தனிப்பக்கமாகச் சேருங்கள்.