திதியன்றுதான் நீந்த வேண்டுமா?

கேள்வி: கடலூர் முதுநகரில் இருக்கிறேன், வயது 29. எனக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்த அப்பா போன மார்கழியில் புற்றுநோயால் இறந்துபோனார். வருஷத் திதியன்று தேவனாம்பட்டினத்திலிருந்து தாழங்குடா பக்கமாகக் கடலில் நீந்தி, சேரும் பணத்தைப் புற்றுநோய் மருத்துவமனைக்குக் கொடுக்க ஆசை. அம்மா அழுகிறார். நாள் தவறினால் அப்பாவுக்குச் செய்த மாதிரி ஆகுமா?

பதில்: நீந்துங்கள், சகோதரி. ஆனால் மார்கழியில் வேண்டாம். வடகிழக்குப் பருவமழையில் கலங்கிய கடல் அது. தானே புயல் கடலூரைப் புரட்டிப்போட்டது 2011 டிசம்பர் 30-ல். திதியை வீட்டில் கொடுங்கள். நீச்சல் மாசி வரை பொறுக்கட்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்றுநோயில் இறந்தது 1923-ல்; அவர் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியது 1954-ல். நாள் கடந்ததால் அந்தத் தங்கைக்குச் செய்ததில் என்ன குறைந்துவிட்டது?

நீச்சல் குளத்துப் பழக்கம் மட்டும் போதாது. கரையலையைத் தாண்டுவதற்குள்ளேயே மூச்சு வாங்கும். நேராகப் போவதாகத்தான் தோன்றும். நீரோட்டம் எங்கோ தள்ளியிருக்கும். நாலைந்து வீச்சுக்கு ஒரு தரம் தலை தூக்கிக் கரையில் ஒரு தென்னையையோ கட்டடத்தையோ பார்த்துக்கொள்ளுங்கள். கழுத்திலும் அக்குளிலும் வாசலின் தடவாவிட்டால் உப்புத்தண்ணீர் உரசியே தோல் புண்ணாகிவிடும். பெண்ணையாற்று முகத்துவாரத்துக்கு முன்பே கரையேறிவிடுங்கள். கடலோரக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். பக்கத்திலேயே ஒரு ஃபைபர் படகு வர வேண்டும். அதில் வரும் மீனவர் "இன்னைக்கு வேணாம்மா" என்றால் மறுபேச்சே கூடாது.

நான் அதிகம் கவலைப்படுவது பணத்தை நினைத்துத்தான். இத்தனை பேர் கொடுத்துவிட்டார்களே என்ற எண்ணம், இறங்கக்கூடாத நாளில் இறங்க வைத்துவிடும். அதனால், நீச்சல் நின்றாலும் பாதியில் முடிந்தாலும் பணம் மருத்துவமனைக்குத்தான் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். உங்கள் கணக்கில் வாங்காதீர்கள். மருத்துவமனைக் கணக்கிலேயே நேராகக் கட்டி ரசீது வாங்கிக்கொள்ளட்டும்.

அம்மாவின் அழுகையைத் தடை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 2004 டிசம்பர் 26-ல் அதே தேவனாம்பட்டினத்துக் கரையில் கடல் எத்தனை பேரை வாரிக்கொண்டு போனது! கணவரையும் பறிகொடுத்தவர், மகளை எப்படி அந்தக் கடலுக்கு அனுப்புவார்? கடல் அடங்கியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போய், கரையோரமாக நீந்திக் காட்டுங்கள். படகுக்காரரை அவரிடமே பேச வையுங்கள். அதற்குப் பிறகும் மனசு ஒப்பவில்லை என்றால் இன்னொரு மாதம் பொறுங்கள். நீங்கள் கரையேறும்போது துண்டோடும் ஃபிளாஸ்க்கில் சுக்குக் காப்பியோடும் அங்கே நிற்க வேண்டியவர் அவர்தானே.