பிஜி ரிஸ்டோர்ல 214 எரர்: டேட்டா வந்துச்சா, போச்சா?

கேள்வி (திருப்பூர் வாசகர் ஒருத்தர் கேட்டது, சுருக்கி போட்டிருக்கேன்): எங்க பனியன் கம்பெனி பில்லிங் சாஃப்ட்வேர் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்ல ஓடுது. சர்வர் டிஸ்க் படுத்துருச்சு. புது உபுண்டு மெஷின்ல போஸ்ட்கிரெஸ் போட்டு, தினம் ராத்திரி 2 மணிக்கு கிரான் (குறிச்ச நேரத்துல தானா ஓடற வேலை) மூலமா நாஸ்ல (நெட்வொர்க் ஸ்டோரேஜ் பெட்டி) விழற பிஜி டம்ப் ஃபைலை (பேக்கப், 6 ஜிபி, கஸ்டம் ஃபார்மேட்) பிஜி ரிஸ்டோர் கமாண்ட்ல ஏத்தினேன். ஸ்க்ரீன் பூரா "ரோல் டஸ் நாட் எக்ஸிஸ்ட்"னு ஓடி, கடைசில "எரர்ஸ் இக்னோர்ட் ஆன் ரிஸ்டோர்: 214"னு முடிஞ்சுது. டேட்டா வந்துச்சா இல்லையா? அதே கமாண்டை இன்னொரு தடவை ஓட்டட்டுமா?

பதில்:

ஓட்டாதீங்க. அதே டேட்டாபேஸ் மேல ரெண்டாவது தடவை ஓட்டினா டேபிள் எல்லாம் ஏற்கெனவே இருக்குன்னு எரர் வரும், ஆனா பிஜி ரிஸ்டோர் அதோட நிக்காது, அடுத்து டேட்டாவை உள்ள தள்ளப் பார்க்கும். ப்ரைமரி கீ (ஒரே அடையாளம் ரெண்டு வரில வராம தடுக்கறது) இருக்கற டேபிள்ல டூப்ளிகேட் கீன்னு சொல்லி அந்த டேபிள் லோடு மொத்தமா கேன்சல் ஆயிடும், நல்லது. ப்ரைமரி கீயோ யுனிக் இண்டெக்ஸோ இல்லாத டேபிள்ல? சத்தமே இல்லாம ஒவ்வொரு வரியும் ரெண்டு ரெண்டா உக்காந்துரும். நம்ம ஊர் பில்லிங் சாஃப்ட்வேர்ல ஸ்டாக் மூவ்மென்ட் டேபிள், லாக் டேபிள்னு கீ இல்லாம ஒண்ணு ரெண்டு கண்டிப்பா கிடக்கும், மாசக் கடைசில ஸ்டாக் டேலி ஆகலைன்னு அக்கவுண்டண்ட் வந்து நிக்கறப்பதான் தெரியும். க்ளீன் ஆப்ஷன் போட்டு ஓட்டுங்கன்னும் யாராவது சொல்லுவாங்க, அது இருக்கறதை ட்ராப் பண்ணிட்டு ஏத்தற ஆப்ஷன், தப்பான டேட்டாபேஸ் பேரை குடுத்துட்டீங்கன்னா அது உங்களை ஒரு வார்த்தை கேக்காது.

இப்ப 214க்கு வரேன். இந்த டூல் ஒரு எரர் வந்தா நிக்காம அடுத்ததுக்கு போயிடும், அதோட டிஃபால்ட் குணமே அது, அதனால நம்பரை பார்த்து பயப்படவும் கூடாது, நிம்மதியாவும் இருக்கக்கூடாது, எது எது எரர்னு பார்க்கணும். ரோல் (போஸ்ட்கிரெஸ்ல யூசருக்கு அதுதான் பேரு) இல்லைங்கற எரர் எப்படி வருதுன்னா, டம்ப்ல ஒவ்வொரு டேபிளுக்கும் மொதல்ல கிரியேட் டேபிள், அடுத்து "ஆல்டர் டேபிள் இன்னார் ஓனர் டு பில்லிங்"னு தனி வரி. புது சர்வர்ல பில்லிங்னு யூசரே இல்லை, ஏன்னா பிஜி டம்ப் ஒரு டேட்டாபேஸை மட்டும்தான் எடுக்கும், யூசர், பாஸ்வேர்டு எல்லாம் க்ளஸ்டர் லெவல் (சர்வர் மொத்தத்துக்கும் பொதுவான) சமாச்சாரம், அது டம்ப்ல வராது. அதனால டேபிள் உருவாயிடும், டேட்டாவும் ஏறிடும், ஓனர் மாத்தற வரி மட்டும் ஃபெயில் ஆகும், கிராண்ட் (அனுமதி குடுக்கற) வரிகளும் அதே மாதிரி ஃபெயில் ஆகும். 214ம் இந்த ரகம்னா உங்க டேட்டா முழுசா உள்ள இருக்கு, ஆனா எல்லாம் போஸ்ட்கிரெஸ் யூசர் பேர்ல இருக்கும், பில்லிங் யூசரை அப்புறமா உருவாக்கினாலும் சாஃப்ட்வேர் டேபிளை தொடறப்ப "பெர்மிஷன் டினைட்"னு முகத்துல அடிக்கும்.

கவலைப்படவேண்டியது வேற ரகம். எக்ஸ்டென்ஷன் (போஸ்ட்கிரெஸ்ல தனியா சேர்க்கற கூடுதல் வசதி) இல்லாம போறது. டம்ப்ல யூயூஐடி ஓஎஸ்எஸ்பி மாதிரி ஒரு எக்ஸ்டென்ஷன் இருந்து புது சர்வர்ல அந்த பேக்கேஜ் இல்லைன்னா, கிரியேட் எக்ஸ்டென்ஷன் ஃபெயில், அதை நம்பி இருக்கற டேபிள் ஃபெயில், டேபிளே இல்லாததால அதுக்குள்ள போகவேண்டிய டேட்டாவும் ஃபெயில். இது நிஜமான நஷ்டம், ஆனா எண்ணிக்கைல கொஞ்சம் எரராதான் இருக்கும், அத்தனை ரோல் எரருக்கு நடுவுல கண்ணுக்கே படாது. (உபுண்டுல இந்த மாதிரி எக்ஸ்டென்ஷன் இருக்கற கான்ட்ரிப் சாமான் எல்லாம் சர்வர் பேக்கேஜோடவே வந்துரும், ராக்கி லினக்ஸ், ரெட் ஹேட் பக்கம்னா கான்ட்ரிப் பேக்கேஜை தனியா போடணும். மேப் டேட்டாவுக்கான போஸ்ட்ஜிஐஎஸ் எங்கயுமே தனிதான்.)

அதனால பழையதை அப்படியே விட்டுட்டு, புதுப் பேர்ல காலி டேட்டாபேஸ் ஒண்ணு போட்டு, சுத்தமா முதல்ல இருந்து ஏத்துங்க. எப்படின்னு சொல்றேன்.

ஏத்தறதுக்கு முன்னாடி ஃபைல் உசுரோட இருக்கான்னு பாருங்க. பிஜி ரிஸ்டோர், மைனஸ் சின்ன எல், ஃபைல் பேரு, இவ்வளவுதான், எந்த சர்வரையும் தொடாது, டம்ப்புக்குள்ள என்ன இருக்குன்னு லிஸ்ட் மட்டும் காட்டும். மேல எந்த தேதில எடுத்தது, எந்த வெர்ஷன் சர்வர்ல இருந்து எடுத்ததுன்னு இருக்கும். அந்த தேதியை நல்லா பாருங்க, கிரான் என்னிக்கோ நின்னுபோய் பழைய ஃபைலை வச்சுக்கிட்டு ஏத்தற கூத்தும் நடக்கும். கீழ ஒவ்வொரு வரிலயும் ரெண்டு மூணு நம்பர், அப்புறம் டேபிளா இண்டெக்ஸான்னு வகை, ஸ்கீமா, பேரு, வரியோட கடைசி வார்த்தை ஓனர். அந்த கடைசி வார்த்தைதான் உங்களுக்கு வேணும், எந்தெந்த யூசரை உருவாக்கணும்னு அதுலயே கிடைச்சுரும். ஆனா லிஸ்ட் வந்துருச்சுன்னு ஃபைல் முழுசா நல்லா இருக்குன்னு நம்பிடாதீங்க, லிஸ்ட் இருக்கறது ஃபைலோட ஆரம்பத்துல. டேட்டா பாதில அறுந்திருக்கான்னு தெரியணும்னா, மைனஸ் சின்ன எஃப் போட்டு அவுட்புட்டை டெவ் நல்லுக்கு (எழுதறது எங்கயும் சேராத குப்பைத்தொட்டி) தள்ளுங்க, 6 ஜிபியையும் பிரிச்சு கடைசி வரைக்கும் படிச்சுப் பார்க்கும், நடுவுல அறுந்திருந்தா அங்கயே கத்திரும்.

"அன்சப்போர்ட்டட் வெர்ஷன் இன் ஃபைல் ஹெடர்"னு வந்தா டம்ப் எடுத்த டூல் புதுசு, நீங்க ஏத்தற டூல் பழசு, அவ்வளவுதான், புது க்ளையன்ட் பேக்கேஜை போடுங்க. இந்த வெர்ஷன் விவகாரத்தை லேசா நினைக்காதீங்க. 2017 ஜனவரி 31ல கிட்லேப் கம்பெனில ஒரு இன்ஜினியர் தப்பான சர்வர்ல டேட்டா டைரக்டரியை அழிச்சப்ப, சரி பேக்கப் இருக்கேன்னு போய் பார்த்தா ஒண்ணுமே இல்லை. சர்வர் 9.6, டம்ப் எடுக்க ஓடினது 9.2 பைனரி, அது வெர்ஷன் ஒத்துவரலைன்னு தினமும் ஃபெயில் ஆகிட்டே இருந்திருக்கு, ஃபெயில் ஆச்சுன்னு போன மெயிலும் ரிஜெக்ட் ஆகிருக்கு. சுமார் 6 மணி நேரம் முன்னாடி டெஸ்டிங்குக்கு கையால எடுத்து வச்ச ஸ்னாப்ஷாட் தயவுல தப்பிச்சாங்க, அவங்களே அதை முழுசா வெளில எழுதினாங்க.

அடுத்து யூசர். பழைய சர்வர்ல பிஜி டம்ப் ஆல் கமாண்டை குளோபல்ஸ் ஒன்லி ஆப்ஷனோட ஓட்டின ஃபைல் நாஸ்ல எங்கயாவது இருந்தா அதை பிஎஸ்க்யூஎல்ல (போஸ்ட்கிரெஸோட கமாண்ட் டூல்) ஏத்திடுங்க, பாஸ்வேர்டு ஹாஷோட வந்துரும். இல்லைன்னா லிஸ்ட்ல பார்த்த பேர்ல கிரியேட் ரோல், லாகின் பெர்மிஷனோட. பாஸ்வேர்டு சாஃப்ட்வேரோட கான்ஃபிக் ஃபைல்ல கிடக்கும், அதையே வைங்க. கிராண்ட் மட்டும் வாங்கின யூசர் (ரிப்போர்ட்டுக்குன்னு ரீட் ஒன்லியா ஒருத்தர் இருப்பாரு) ஓனர் லிஸ்ட்ல வரமாட்டாரு, உங்க முதல் ரன்ல வந்த எரர்ல அவர் பேரும் இருக்கும், அங்க இருந்து பொறுக்கிக்கோங்க.

டேட்டாபேஸ் உருவாக்கறப்ப டெம்ப்ளேட் ஜீரோ (போஸ்ட்கிரெஸோட சுத்தமான மாதிரி டேட்டாபேஸ்) வச்சு, என்கோடிங் (எழுத்தை பைட்டா சேமிக்கற முறை) யூடிஎஃப்8னு வெளிப்படையா சொல்லி உருவாக்குங்க. சர்வர் இன்ஸ்டால் பண்றப்ப லொகேல் செட் ஆகாம இருந்தா டிஃபால்ட்டா எஸ்க்யூஎல் ஆஸ்கின்னு ஒரு என்கோடிங் வந்து உக்காந்துரும், உருவாக்கறப்ப எரரே வராது, ஆனா அது ஒவ்வொரு பைட்டையும் ஒரு எழுத்தா எண்ணும், யூடிஎஃப்8ல ஒரு தமிழ் எழுத்துக்குறி 3 பைட். பார்ட்டி பேரை தமிழ்ல வச்சிருந்தீங்கன்னா பிரிண்ட்ல பேரு பாதில வெட்டுப்பட்டு வரலாம்.

இன்னொரு சின்ன இம்சை: டம்ப் ஃபைலை உங்க ஹோம் ஃபோல்டர்ல வச்சுட்டு சூடோ போட்டு போஸ்ட்கிரெஸ் யூசரா ஓட்டினா பெர்மிஷன் டினைட் வரும், இப்போதைய உபுண்டுல ஹோம் ஃபோல்டர் மத்தவங்களுக்கு மூடிதான் இருக்கும். வார் டெம்ப்புக்கு காப்பி பண்ணிக்கோங்க. இடமும் பாருங்க, டம்ப் 6 ஜிபின்னா அது கம்ப்ரஸ் ஆனது, இண்டெக்ஸும் அதுல இல்லை (இண்டெக்ஸை எப்படி கட்டணும்ங்கற வரி மட்டும்தான் இருக்கும்), ஏறினப்புறம் அதைவிட பல மடங்கு ஆகலாம்.

ஓட்டறதை டீமக்ஸ்க்குள்ள (டெர்மினலை உயிரோட வச்சிருக்கற டூல்) ஓட்டுங்க, எஸ்எஸ்ஹெச் (தூரத்துல இருந்து சர்வருக்குள்ள போற கனெக்ஷன்) கட்டானாலும் வேலை நிக்காது. மைனஸ் டி போட்டு புது டேட்டாபேஸ் பேரு, மைனஸ் ஜே 4 போட்டா நாலு ஜாப் ஒரே நேரத்துல ஓடும் (கஸ்டம், டைரக்டரி ஃபார்மேட்டுக்குதான் இது, டார் ஃபார்மேட்டுக்கு கிடையாது), மைனஸ் சின்ன இ போட்டா முதல் எரர்லயே நின்னுரும். ரோல் எல்லாம் போட்டாச்சுல்ல, இப்ப எரர் வரக்கூடாது, வந்தா நிக்கட்டும், என்னன்னு பார்த்து சரி பண்ணி, அந்த புது டேட்டாபேஸை ட்ராப் பண்ணி திரும்ப ஓட்டிக்கலாம், யாருக்கும் நஷ்டமில்லை. எரர் அவுட்புட்டை ஒரு லாக் ஃபைலுக்கு திருப்பி விடுங்க. மெயின்டெனன்ஸ் வொர்க் மெம் (இண்டெக்ஸ் கட்டறதுக்கு ஒதுக்கற மெமரி செட்டிங்) டிஃபால்ட்டா 64 எம்பிதான், ரேம் இருந்தா ஏத்தறவரைக்கும் 1 ஜிபி ஆக்கினா இண்டெக்ஸ் கட்டறது வேகமாகும், ஆனா நாலு ஜாப்புக்கும் தனித்தனியா 1 ஜிபி கேக்கும்ங்கறதை மறந்துராதீங்க.

டேட்டா ஏறி முடிஞ்சு கடைசிலதான் இண்டெக்ஸ், ஃபாரின் கீ, ட்ரிக்கர் எல்லாம் வரும், அந்த கட்டத்துல ஸ்க்ரீன் அசையாம நிக்கற மாதிரி இருக்கும், ஹேங்குன்னு நினைச்சு கன்ட்ரோல் சி அடிச்சுராதீங்க. டாப் கமாண்ட்ல போஸ்ட்கிரெஸ் ப்ராசஸ் சிபியூ தின்னுக்கிட்டு இருந்தா வேலை நடக்குதுன்னு அர்த்தம்.

முடிஞ்சதும் வேகியூம் டிபியை அனலைஸ் ஒன்லி ஆப்ஷனோட ஓட்டுங்க. இதை விட்டுட்டா ப்ளானருக்கு (எந்த வழில தேடறதுன்னு முடிவு பண்ற பகுதி) எந்த டேபிள்ல எவ்வளவு இருக்குன்னு தெரியாம, ஒரு செகண்ட்ல வந்த லெட்ஜர் ரிப்போர்ட் ஆமை மாதிரி வரும், புது சர்வர் மோசம்னு திட்டுவாங்க. அப்புறம் சரிபார்க்கறது: முக்கியமான டேபிள்ல எண்ணிக்கை, கடைசி இன்வாய்ஸ் நம்பர் என்ன, தேதி என்ன, அந்த பில்லோட பிரிண்ட் காப்பி ஃபைல்ல இருக்குமே அதோட ஒத்துப்போகுதா. சாஃப்ட்வேர் யூசராவே லாகின் பண்ணி ஒரு டெஸ்ட் பில்லும் போட்டுப் பாருங்க. சரின்னா சாஃப்ட்வேரை நிறுத்தி, பழைய டேட்டாபேஸ் பேரை ரீநேம் பண்ணி ஓரமா வச்சு, புதுசுக்கு அந்த பேரை குடுங்க. கனெக்ஷன் ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருந்தாலும் ரீநேம் ஆகாது.

ராத்திரி 2 மணிக்கு அப்புறம் டிஸ்க் போற வரைக்கும் போட்ட பில் இந்த டம்ப்ல இல்லை, எந்த ஆப்ஷன் போட்டாலும் வராது. வால் ஆர்க்கைவிங்கும் (ஒவ்வொரு மாற்றத்தையும் எழுதற லாக்கை தனியா சேமிக்கறது) பேஸ் பேக்கப்பும் (டேட்டா ஃபோல்டரோட முழு காப்பி) இருந்திருந்தா அந்த நிமிஷம் வரைக்கும் மீட்டிருக்கலாம், நீங்க சொன்னதை பார்த்தா அது இல்லை. செத்த டிஸ்க்கை தூக்கிப்போட்டுராதீங்க. கொஞ்சமாவது படிக்க முடிஞ்சா டிடிரெஸ்க்யூ (கெட்டுப்போன டிஸ்க்கை காப்பி எடுக்கற டூல்) வச்சு மொதல்ல இமேஜ் எடுங்க, அதுக்குள்ள வார் லிப் போஸ்ட்கிரெஸ்கியூஎல் ஃபோல்டர் முழுசா, பிஜி வால் உட்பட கிடைச்சா, அதே மேஜர் வெர்ஷன் போட்ட வேற ஒரு மெஷின்ல எழுப்பிப் பார்க்கலாம். அது எழுந்துச்சுன்னா அன்னிக்கு போட்ட பில்லை அதுல இருந்து எடுத்துக்கலாம், எழலைன்னா டூப்ளிகேட் பில் புக்கை வச்சு கையால ஏத்தவேண்டியதுதான். கிரான்ல பிஜி டம்ப் வரிக்கு கீழயே குளோபல்ஸ் எடுக்கற வரியையும் இன்னிக்கே சேர்த்துருங்க.