இலவச டோசரைக் காட்டு ஓரத்துக்குள் விடாதீர்கள்

வன்னியில் ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார்: "எங்கள் இரண்டு ஏக்கர் காணியின் மேற்குப் பக்கம் காடு. போன ஆடியில் அங்கிருந்து தீ வந்து வேலியும் பதினொரு தென்னம்பிள்ளையும் எரிந்துபோயின. வெயில் கூடினால் காடு தானாகப் பற்றும் என்கிறார்கள். டோசர் வைத்திருக்கும் ஒருவர், எல்லையோடு 50 அடி அகலத்துக்குக் காட்டைத் தள்ளித் தருகிறேன், காசு வேண்டாம் என்கிறார். பக்கத்துக் காணிக்காரர், வைகாசியிலேயே நாங்கள் முந்திக் கொளுத்திவிட்டால் பயமில்லை என்கிறார். எதைச் செய்வது?"

இரண்டையும் செய்யாதீர்கள் அம்மா. முதலில் வெயில் கதையை முடித்துவிடுகிறேன். காய்ந்த சருகு தானாகப் பற்ற 200 பாகைக்கு மேல் சூடு வேண்டும். வன்னியின் கொடும் வெயிலிலும் நிலம் அதற்குக் கிட்டவும் போகாது. மின்னல் பங்குனி, சித்திரையிலும் ஐப்பசியிலும் மழையோடு வருகிறது. ஆடித் தீயை அதன் தலையில் கட்ட முடியாது. எங்கள் காட்டில் தீயை மனிதர்தான் வைக்கிறார்கள். மாட்டுக்குப் புதுப்புல் வரட்டும் என்று ஒருவர் வைப்பார், வேட்டைக்கு ஒருவர் வைப்பார், தேன் எடுக்கப் போனவர் பந்தத்தை அணைக்காமல் போட்டுவிட்டு வருவார். எரிந்த இடங்களுக்குப் போனால் மாட்டுத் தடத்து ஓரத்தைப் பார்ப்பேன். அனேகமாக அங்கேதான் கரி தொடங்கும்.

வைப்பது கை. ஓட விடுவது புல்லும் காற்றும். மழையின் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கி மார்கழிக்குள் பெய்து முடிந்துவிடுகிறது. வைகாசியில் சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, எழும்புகிறது. அந்தக் காற்று தன் மழையைத் தெற்கு, மேற்கு மலைச்சரிவுகளில் கொட்டிவிட்டு, ஈரமில்லாமல் எங்களிடம் வந்து சேர்கிறது. புரட்டாதி வரைக்கும் விடாது. பக்கத்துக் காணிக்காரர் கொளுத்தச் சொல்லும் வைகாசி, அந்தக் காற்று தொடங்கும் மாதம். வேண்டாம்.

இப்போது டோசர். பாலை மரமும் வீரை மரமும் நெருங்கி நிற்கும் காட்டுக்குள் நடுப்பகலில் போய்ப் பாருங்கள். நிழலாக இருக்கும், காற்று ஓடாது, கீழே புல் அரிது. சருகைக் கிளறினால் அடிப்பக்கம் இன்னும் கொஞ்சம் ஈரமிருக்கும். அங்கே தீ வந்தாலும் முழங்கால் உயரத்துக்கு ஊர்ந்துதான் போகும். அதே இடத்தில் 50 அடிக்கு மரத்தைத் தள்ளினால் வெயில் நிலத்தில் விழும். அடுத்த மாரியில் இலுக்குப் புல்லும் கினிப் புல்லும் நாயுண்ணிப் பற்றையும் எழும்பும், ஆனியில் ஆளுயரத்துக்கு வைக்கோலாய் நிற்கும். இலுக்கின் கிழங்கு மண்ணுக்குக் கீழே இருக்கிறது. மேலே எரிந்தால் அதற்கு ஒன்றுமில்லை. சில நாளில் முளைத்துவிடும், எரிய எரிய அதற்கு இடம் கூடும். தீயைத் தடுக்க வெட்டிய பாதை இரண்டாம் வருடமே தீ ஓடும் பாதையாகிவிடும்.

அப்படியென்றால் அவர் ஏன் காசு வேண்டாம் என்கிறார்? தள்ளிய பாலை, முதிரை மரங்கள் எங்கே போகும் என்று கேளுங்கள். மரம் போன பிறகு அடியில் கிடக்கும் கிரவல் மண்ணை யார் ஏற்றுவார் என்றும் கேளுங்கள். டீசல் விலை உங்களுக்கும் தெரியும், சும்மா யாரும் டோசர் ஓட்டுவதில்லை. இந்த ஆட்கள் தீ வந்து போன மறுவாரமே, கரி நாற்றம் அடங்கும் முன், வீட்டு வாசலில் நிற்பார்கள். சிலர் "துப்பரவாக்கினால் அந்தத் துண்டுக்கும் காணி அனுமதிப்பத்திரம் எடுத்துத் தரலாம்" என்று ஒரு தாளும் நீட்டுவார்கள். கையெழுத்துப் போடாதீர்கள். ஒதுக்குக் காட்டில் மரம் தள்ளுவதும் தீ வைப்பதும் குற்றம். வழக்கு வந்தால் டோசர் அங்கே நிற்காது, உங்கள் பேர்தான் நிற்கும்.

இதில் எனக்குப் பொறுக்காத ஒன்று உண்டு. காட்டுக்குள் ஒரு தடியை வெட்டினால் உடனே ஆள் வருகிறார்கள். எல்லையோரப் புல்லை யார் வெட்டுவது என்று கேட்டால் ஒரு அலுவலகம் இன்னொன்றைக் காட்டுகிறது, அது திரும்பவும் முதலாவதைக் காட்டுகிறது. இதற்கென்றே நடந்த கூட்டங்களில் நானும் இருந்திருக்கிறேன். ஒவ்வொரு மாசியிலும் பேசுகிறோம், ஆடியில் எரிகிறது. 2009இல் போரில் கைவிடப்பட்டு, திரும்பி வந்தபோது பற்றையாகிக் கிடந்த காணிகளில் சில இன்றைக்கும் எல்லை அளக்கப்படாமலே கிடக்கின்றன. பொறுப்பு யாருக்கென்று தெரியாத நிலத்தில்தான் இலுக்கு செழிக்கிறது.

சரி, நீங்கள் செய்யக்கூடியது இதுதான். உங்கள் வேலிக்கு உட்பக்கம், உங்கள் நிலத்திலேயே, மேற்கிலும் தெற்கிலும் 15 அடி அகலத்துக்குப் புல்லைச் செதுக்கி மண் தெரியக் கூட்டுங்கள். மண்வெட்டியும் விளக்குமாறும் போதும். சித்திரைக்குள் முடித்து, காற்றுக் காலம் முழுக்கக் கிழமைக்கு ஒருமுறை விழுந்த சருகை அள்ளுங்கள். அந்தப் பக்கம் காய்ந்த கிடுகு வேலி வேண்டாம், அது தீக்குத் திரி. மாரியில் பூவரசுக் கதியால், அதாவது வேலிக்கு ஊன்றித் துளிர்க்கும் பச்சைத் தடி, நட்டு விடுங்கள்.

பனைக்கு மட்டும் இந்தத் துப்பரவுக் கணக்கு வேறு. எல்லையில் நிற்கும் பனையைத் தறிக்காதீர்கள். பனை தீயை இழுக்கும் என்று உங்களிடம் ஒருவர் சொல்வார், அவருக்கு வேண்டியது சிலாகை, பனைமரச் சட்டம். பாலை, முதிரை போன்ற மரங்களுக்கு உயிர் பட்டைக்கு அடியில் ஓடுகிறது. சூடு சுற்றிப் பிடித்தால் மரம் போய்விடும். வளர்ந்த பனைக்கு அப்படியில்லை. அதன் குருத்து உச்சியில் இருக்கிறது, தண்டு கருகினாலும் அடுத்த வருடம் ஓலை விடும். ஆபத்து, காய்ந்து தொங்கும் ஓலையான காவோலையில்தான். அதைப் பிடித்து ஏறிய தீ, எரியும் ஓலைத் துண்டைக் காற்றில் நாலு காணி தள்ளிக் கொண்டுபோய்ப் போடும். இளம் பனையான வடலி இன்னும் மோசம், அதன் காய்ந்த ஓலை நிலத்தையே தொடும். ஆகவே காவோலையை வெட்டி இறக்குங்கள், வடலியின் கீழ்மட்டைகளைக் கழித்து அடியைக் கூட்டுங்கள். இறக்கிய ஓலையை எல்லையில் குவிக்காமல் வீட்டுப் பக்கமும் சேர்க்காமல் அடுப்புக்கோ தென்னம்பாத்திக்கோ கொண்டுபோங்கள். பச்சையாய் நிற்கும் பனை நிற்கட்டும்.

பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்: தீ வந்தால் குழை கொண்டு அடிப்பது நீங்கள் செதுக்கிய வெட்டைக்குள் நின்றுதான். அதைத் தாண்டிக் காட்டுக்குள் போகவே கூடாது. போர்க்கால வெடி இன்னும் கிடக்கும் காடு இது, சூட்டில் வெடித்த இடங்கள் உண்டு. எரிந்து முடிந்த பிறகு சாம்பலுக்குள் இரும்பாக எது தெரிந்தாலும் தொடாமல், அந்த இடத்தை அடையாளம் வைத்துக் கிராம அலுவலருக்கோ 119க்கோ சொல்லுங்கள். தீயைக் கண்டதும் அழைக்க வேண்டிய அனர்த்த முகாமைத்துவ எண் 117. வண்டி வர நேரமாகும் என்று நினைத்து அழைக்காமல் இருக்காதீர்கள்.