குளிர் ஊரில் கருக்கும் கன்னம்: மங்கு பற்றி வாசகர் கேள்விகளும் பதில்களும்

எனக்கு 36 வயது. இரண்டு கன்னத்திலும் மூக்கின் மேலும் பழுப்புத் திட்டு படர்ந்திருக்கிறது. குன்னூரில் பாதி நாள் மூடுபனிதான். வெயிலில் போய் வேலை பார்ப்பதும் இல்லை. பிறகு எப்படி மங்கு வந்தது? (குன்னூர் வாசகி)

நீலகிரி மலையில் இருக்கும் பலருக்கும் இதே சந்தேகம்தான். சுட்டால்தான் வெயில் என்று நினைக்கிறோம். தோலைக் கருக்க வைப்பவை புற ஊதாக் கதிரும், கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தில் உள்ள நீல ஒளியும். காற்று குளிர்ந்திருப்பதால் இவை இரண்டும் குறைந்துவிடுவதில்லை. உயரம் ஏற ஏறப் புற ஊதாக் கதிர் கூடவே செய்யும்; 1,000 மீட்டருக்குச் சுமார் 10 சதவீதம் என்பது கணக்கு. ஒரே தெளிவான நாளில் மேட்டுப்பாளையத்தில் நிற்பவரைவிட, 2,240 மீட்டர் உயரத்து உதகையில் நிற்பவர் முகத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக விழும். குன்னூருக்குக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். மெல்லிய மேகமும் மூடுபனியும் வெளிச்சத்தை மங்கலாக்கும். ஆனால் லேசான மேகத்தை ஊடுருவிப் புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை வந்துவிடும். நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு 11 பாகை வடக்கே. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கே வந்துவிடுகிறது. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வெளியே நிற்கும் நாளிலும் உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால், கதிர் கடுமையாக இருக்கிறது என்று பொருள்.

வெயில் மட்டுமே காரணமும் அல்ல. அம்மாவுக்கோ அக்காவுக்கோ மங்கு இருந்தால் உங்களுக்கும் வர வாய்ப்பு அதிகம். கர்ப்பம், கருத்தடை மாத்திரை, மற்ற ஹார்மோன் மருந்துகள் தூண்டும். அடுப்பின் அனலும் சேர்ந்துகொள்ளும். நிறமிச் செல்கள் ஏற்கெனவே தூண்டப்பட்ட முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் பட்டாலே போதும். மங்குக்கு அரிப்பு கிடையாது, எரிச்சல் கிடையாது, செதிலும் கிடையாது. கன்னம், நெற்றி, மேலுதட்டுக்கு மேல், சிலருக்குத் தாடை ஓரம் என இரண்டு பக்கமும் ஒரே மாதிரி படரும். உங்கள் வர்ணனை இதற்குப் பொருந்துகிறது. ஆனாலும் தோல் மருத்துவர் ஒருமுறை நேரில் பார்த்து உறுதி செய்யட்டும்.

அம்மா கொழுந்து பறிக்கப் போகிறார். முகம் முழுக்கக் கருத்துவிட்டது. சன்ஸ்க்ரீன் வாங்கிக் கொடுத்தேன், பலன் இல்லை. எவ்வளவு பூச வேண்டும், எப்போது பூச வேண்டும்? (கோத்தகிரி வாசகி)

பெரும்பாலும் தவறு அளவில்தான். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் மீதும் அடியிலிருந்து நுனி வரை ஒவ்வொரு கோடு பிதுக்கினால் வருவதுதான் முகம், கழுத்துக்கு ஒரு முறைக்கான அளவு. பட்டாணி அளவு எடுத்துத் தேய்த்தால் பெட்டியில் எழுதியுள்ள எஸ்பிஎஃப் (வெயில் காப்பு எண்) கிடைக்காது. அதில் ஒரு சிறு பங்கே கிடைக்கும். ஒரு எளிய சோதனை: சரியான அளவில் நாளுக்கு இரண்டு முறை பூசினால் 50 கிராம் ட்யூப் மூன்று வாரம்தான் வரும். மூன்று மாதம் வந்தால், பூசியது போதவில்லை.

வாங்கும்போது எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாமல் (50 இருந்தால் நல்லது), பிஏ குறியீட்டில் (புற ஊதா ஏ கதிருக்கு எதிரான காப்பு) குறைந்தது மூன்று கூட்டல் குறி இருக்கிறதா என்று பாருங்கள். மங்குக்கு இன்னொன்றும் முக்கியம். சாதாரண சன்ஸ்க்ரீன் நீல ஒளியைத் தடுப்பதில்லை. அதைத் தடுப்பது அயர்ன் ஆக்சைடு. அது கலந்த, தோல் நிறத்தில் சாயம் உள்ள சன்ஸ்க்ரீன் கிடைக்கிறது. கொஞ்சம் விலை கூடுதல்தான், ஆனாலும் மாநிறத் தோலுக்கு இதைத்தான் பரிந்துரைக்கிறோம்.

காலையில் கிளம்புவதற்கு 15–20 நிமிடம் முன்னால் பூசட்டும். இரண்டு மணிக்கொரு முறை என்பது விதி. தோட்டத்தில் அது நடக்காது என்று தெரியும். டீ இடைவேளையிலும் மதியச் சாப்பாட்டின்போதும், ஈரத் துணியால் முகத்தை ஒற்றி எடுத்துவிட்டு இரண்டு முறை பூசினாலே பெரிய வித்தியாசம் தெரியும். அதற்கும் மேலே முகத்துக்கு நிழல் வேண்டும். தலையில் கட்டும் துணி நெற்றியைக் காக்கும், கன்னத்தைக் காக்காது. சுற்றிலும் 7–8 சென்டிமீட்டர் விளிம்புள்ள தொப்பியை அந்தத் துணிக்கு மேல் போட்டுக்கொள்ளலாம். துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இழைகளுக்கிடையே வெளிச்சம் தெரிந்தால் கதிரும் உள்ளே வரும். தோட்டத்துச் சில்வர் ஓக் மர நிழலை நம்ப வேண்டாம், அதன் இலை அடர்த்தியில்லை.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய க்ரீமில் இரண்டே வாரத்தில் முகம் பளிச்சென்று ஆனது. ஒரு வருடமாகப் பூசுகிறேன். நிறுத்தினால் முகம் சிவந்து எரிகிறது, பரு வருகிறது, மங்கும் முன்பைவிடக் கருப்பாகத் திரும்புகிறது. (உதகை வாசகி)

ட்யூபில் பொடி எழுத்தில் உள்ள பெயர்களைப் படியுங்கள். மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன், பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு, அதாவது அழற்சியை அடக்கும் மருந்து. கூடவே ஹைட்ரோகுவினோன் (கருமையைக் குறைப்பது), டிரெட்டினாயின் (தோலை உரிப்பது) இரண்டும் இருந்தால் அது மங்குக்கான மூன்று மருந்துக் கூட்டு. அந்தக் கூட்டு கெட்டதல்ல. இன்றும் மங்குக்கு மிக வேகமாகப் பலன் தரும் பூச்சு அதுதான். ஆனால் அது இரவில் மட்டும், திட்டின் மேல் மட்டும், பொதுவாக 8 வாரம், மருத்துவர் பார்வையில் போட வேண்டியது. நம் ஊரில் அதையே முகம் முழுக்க, பகலிலும், மாதக்கணக்கில், முகக் க்ரீமாகப் பூசுகிறார்கள். இது வேதனையான விஷயம். பல ஸ்டீராய்டு க்ரீம்களை மருந்துச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு அறிவித்தும், கேட்டவுடன் கிடைப்பது இன்னும் நிற்கவில்லை.

மாதக்கணக்கில் ஸ்டீராய்டு பட்ட தோல் வெங்காயச் சருகு போல மெலிந்துவிடும். ரத்த நாளங்கள் சிவப்பு நூலாகத் தெரியும், கன்னத்தில் முடி வளரும், பரு வெடிக்கும். நிறுத்தியதும் அடங்கியிருந்த அழற்சி திரும்பி எழும். அந்த அழற்சியே புதுக் கருமையையும் உண்டாக்கும். எரிகிறதே என்று மறுபடி அதையே பூசுவதுதான் இதிலிருந்து மீள முடியாமல் செய்கிறது.

தோல் மருத்துவரிடம் அந்த ட்யூபையே எடுத்துப் போங்கள். சிலருக்கு உடனே நிறுத்தச் சொல்வார், சிலருக்கு வீரியம் குறைந்ததற்கு மாற்றிப் படிப்படியாக விடச் சொல்வார். அதை நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். இடையில் முகத்துக்கு மூன்றே பொருள்: வாசனையில்லாத மென்மையான க்ளென்சர், வாசனையில்லாத மாய்ஸ்சரைசர், ஜிங்க் ஆக்சைடு சன்ஸ்க்ரீன். ஸ்க்ரப், ஃபேஷியல், ப்ளீச் எதுவும் வேண்டாம். எரிச்சல் அடங்கச் சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள் ஆகும். மங்குக்கான சிகிச்சை அதற்குப் பிறகுதான்.

உட்பொருள் பட்டியலே இல்லாத, தயாரித்தவர் முகவரி இல்லாத சிவப்பழகு க்ரீமாக இருந்தால் அன்றே நிறுத்துங்கள். அவற்றில் பாதரசம் இருக்கலாம். 2023-இல் பக்கத்துக் கேரளாவின் மலப்புரம் மாவட்டத்தில் அப்படிப்பட்ட க்ரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் பாதித்தது செய்தியானது. கால் வீக்கம், சிறுநீரில் நுரை தெரிந்தால் சிறுநீர்ப் பரிசோதனை உடனே தேவை.

ஆறு மாதக் கர்ப்பம். மூன்றாம் மாதத்திலிருந்து மங்கு. என்ன பூசலாம்? (கூடலூர் வாசகி)

சன்ஸ்க்ரீனும் தொப்பியும் இப்போதே தொடங்குங்கள். கருமை இன்னும் ஆழமாகாமல் அதுவே தடுக்கும். மருந்து வேண்டுமென்றால் அசெலாயிக் அமிலம் (15 அல்லது 20 சதவீதம்) கர்ப்பத்திலும் பால் கொடுக்கும்போதும் பாதுகாப்பானதாகக் கருதப்படுகிறது. மகப்பேறு மருத்துவரிடம் சொல்லிவிட்டுப் பூசுங்கள். ஹைட்ரோகுவினோன் தோல் வழியே உடம்புக்குள் கணிசமாகச் சேரும், அதனால் வேண்டாம். டிரெட்டினாயினும் டிரனெக்சாமிக் அமில மாத்திரையும் கூடாது. பலருக்குப் பிரசவமான சில மாதங்களில் தானாகவே மங்கிவிடும். பிறகு கருத்தடை பற்றிப் பேசும்போது மங்கு வந்ததை மறக்காமல் சொல்லுங்கள். ஹார்மோன் மாத்திரைக்குப் பதில் காப்பர்-டி போன்ற ஹார்மோன் இல்லாத வழி உங்களுக்கு நல்லது.

எலுமிச்சைச் சாறு, உருளைக்கிழங்குச் சாறு, மஞ்சள், நீலகிரித் தைலம் போடலாமா? (அருவங்காடு வாசகர்)

எலுமிச்சை வேண்டவே வேண்டாம். கடும் அமிலம். அதன் தோலிலும் சாற்றிலும் உள்ள ஒரு வேதிப்பொருள் வெயில் பட்டதும் தோலைப் பொசுக்கிக் கருந்தடம் விட்டுச் செல்லும். தைலம் மூக்கடைப்புக்கும் மூட்டு வலிக்கும் சரி, முகத்தில் எரிச்சல்தான் தரும். எரிச்சல் பட்ட இடம் மாநிறத் தோலில் கருக்கும். மஞ்சளாலும் உருளைக்கிழங்காலும் பெரிய கெடுதல் இல்லை, மங்கு போகும் அளவுக்குப் பலனும் இல்லை.

பொட்டு வைக்கும் இடத்திலும் நெற்றியோரத்திலும் மட்டும் சாம்பல் நிறக் கருமை. லேசாக அரிக்கிறது. (வெலிங்டன் வாசகி)

அரிப்பு இருப்பதால் மங்கு என்று எடுத்துக்கொள்ள முடியாது. குங்குமச் சாயம், தலைச்சாயம், வாசனைத் திரவியம் போன்றவற்றுக்கு ஏற்படும் ஒவ்வாமைக் கருமையாக இருக்கலாம். குங்குமத்தையும் தலைச்சாயத்தையும் இரண்டு மாதம் அறவே நிறுத்திப் பாருங்கள். ஒட்டுப்பொட்டுக்கு மாற வேண்டாம். சிலருக்கு அதன் பசை வெண்திட்டை உண்டாக்கும். காரணம் எதுவென்று உறுதி செய்யப் பேட்ச் டெஸ்ட் (பொருளைத் தோலில் ஒட்டிப் பார்க்கும் ஒவ்வாமைச் சோதனை) உண்டு.

என் கணவருக்குப் பின்கழுத்தும் நெற்றியின் இரு ஓரமும் அழுக்குப் படிந்ததுபோல் கருப்பாக, தடிப்பாக இருக்கிறது. தேய்த்துக் குளித்தும் போகவில்லை. (கேத்தி வாசகி)

தேய்க்க வேண்டாம், அது அழுக்கு அல்ல. வெல்வெட் மாதிரி தடித்த கருமை பெரும்பாலும் உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததைக் காட்டும். இடுப்புச் சுற்றளவும் கூடியிருக்கிறதா என்று பாருங்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரையும் ஹெச்பிஏ1சி-யும் (சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) பாருங்கள்: ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 சதவீதம் வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, 6.5 அல்லது அதற்கு மேல் சர்க்கரை நோய். எடை குறையக் குறையக் கருமையும் இளகும். க்ரீமுக்குச் செலவழிப்பதை இதற்குச் செலவழிக்கலாம்.

டிரைவர் வேலை. முகத்தின் வலப் பக்கம்தான் அதிகமாகக் கருத்திருக்கிறது. ஆண்களுக்கும் மங்கு வருமா? (மேட்டுப்பாளையம்–உதகை வழி)

வரும், பெண்களைவிடக் குறைவு. முன் கண்ணாடி புற ஊதா ஏ கதிரைப் பெருமளவு தடுக்கும். பக்கக் கண்ணாடி அவ்வளவு தடுக்காது. உங்கள் வலக் கன்னம் ஜன்னல் பக்கம். காலைப் பயணத்துக்கு முன்பும் மதியமும் சன்ஸ்க்ரீன் பூசுங்கள், வலக் கைக்கும் சேர்த்து.

தோழிக்கு டிரனெக்சாமிக் மாத்திரையில் குறைந்தது. நானும் வாங்கிச் சாப்பிடலாமா? இல்லை, கோயம்புத்தூர் போய் லேசர் செய்துகொள்வதா? (குன்னூர் வாசகி)

மாத்திரை வேலை செய்யும். மாதவிலக்கில் அதிக உதிரப்போக்குக்குக் கொடுப்பதுதான் இதுவும். மங்குக்குப் பொதுவாக 250 மி.கி., நாளுக்கு இரண்டு வேளை, 8 முதல் 12 வாரம். ஆனால் இது உறைந்த ரத்தம் கரையாமல் தடுக்கும் மருந்து. கால் ரத்த நாளத்திலோ நுரையீரலிலோ ரத்தக் கட்டி வந்தவர், பக்கவாதம் அல்லது மாரடைப்பு வந்தவர், கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர், கர்ப்பிணி ஆகியோர் தொடவே கூடாது. சிறுநீரகக் கோளாறு, புகைப் பழக்கம் இருந்தால் மருத்துவர் யோசித்தே தருவார். தோழியின் சீட்டில் வாங்குவது ஆபத்து. சாப்பிடும்போது ஒரு காலில் மட்டும் வீக்கம் வலி, மூச்சுத்திணறல், நெஞ்சுவலி வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

லேசர் மங்குக்கு முதல் சிகிச்சை அல்ல. பூச்சும் மாத்திரையும் பலிக்காதபோது, குறைந்த ஆற்றலில், பல அமர்வுகளாகச் செய்வார்கள். ஆற்றல் கூடினாலோ அடிக்கடி செய்தாலோ மங்கு முன்பைவிடக் கருக்கும், அல்லது சிறு வெண்புள்ளிகள் விழும். அந்தப் புள்ளிகளை மாற்றுவது மங்கை மாற்றுவதைவிடக் கடினம். “இத்தனை அமர்வில் நிரந்தரமாகப் போய்விடும்” என்று யாராவது உறுதி சொன்னால் பணம் கட்டாதீர்கள். மங்கைக் குறைக்கலாம், கட்டுக்குள் வைக்கலாம். நிரந்தரமாக ஒழிக்கும் சிகிச்சை இன்றைக்கு இல்லை.

மருத்துவர் கொடுத்த டிரெட்டினாயின் க்ரீம் அக்டோபர் வரை ஒத்துக்கொண்டது. டிசம்பரில் உறைபனி ஆரம்பித்ததும் முகம் உரிந்து எரிகிறது. நிறுத்திவிடலாமா? (உதகை வாசகி)

நிறுத்த வேண்டாம், முறையை மாற்றுங்கள். நம் பனிக்காலக் காற்றில் ஈரம் குறைவு. தோல் ஏற்கெனவே வெடித்திருக்கும்போது இந்த மருந்து கூடுதலாக உரிக்கும். வெந்நீரில் முகம் கழுவுவதை விட்டு வெதுவெதுப்பான நீருக்கு வாருங்கள். துடைத்து 20 நிமிடம் உலரவிடுங்கள், ஈரத் தோலில் எரிச்சல் அதிகம். முதலில் மாய்ஸ்சரைசர், அதன்மேல் முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவு மருந்து, பத்து நிமிடம் கழித்து மறுபடி மாய்ஸ்சரைசர். மூக்கு மடிப்பு, வாயோரம், கண்ணோரம் மூன்றிலும் மருந்து படாமல் முன்கூட்டியே வாஸ்லின் தொட்டுவிடுங்கள். தினமும் வேண்டாம், ஒன்றுவிட்டு ஒரு இரவு, அதுவும் தாங்காவிட்டால் வாரம் இரண்டு இரவு. தோல் வெடித்து நீர் கசிந்தால் மட்டும் முழுதாக நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். இரவில் கணப்புச் சட்டியின் முன் முகத்தைக் காட்டி உட்கார வேண்டாம். பலன் தெரியச் சில மாதங்கள் ஆகும், அதனால் மார்ச் வரையாவது பொறுத்துப் பாருங்கள். ஒரே வெளிச்சத்தில், ஒரே ஜன்னல் அருகே மாதம் ஒரு படம் எடுத்து வைத்தால் மாற்றம் தெரியும். தினமும் கண்ணாடியில் பார்ப்பவருக்குத் தெரியாது.