பெட்டியின் மூலையில் ஒரு எண்

அன்புள்ள சார்,

வணக்கம். என் மகனுக்கு 11 வயது. ஆறாம் வகுப்பு படிக்கிறான். விடுமுறைக்கு வந்திருந்த என் அண்ணன் மகன், கல்லூரியில் படிக்கிறவன், எங்கள் வீட்டு கன்சோலில் தன் அக்கவுண்ட்டைப் போட்டு ஒரு கேமை இறக்கிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது. இரண்டு மாதமாக இவன் அதை ஆடிக்கொண்டிருப்பது போன வாரம்தான் எனக்குத் தெரிந்தது. துப்பாக்கி, ரத்தம், காதில் கேட்கவே கூசும் வார்த்தைகள். கோபத்தில் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டேன். "இதெல்லாம் ஆடினா நாளைக்கு நீ கொலைகாரனாத்தான் ஆவே" என்று கத்தியும் விட்டேன். அவன் அழவில்லை. மெதுவாக, "அப்போ அத்தான் கொலைகாரராம்மா?" என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை.

என் கணவர், "சினிமாவில் வராததா? விடு" என்கிறார். வகுப்பில் எல்லோரும் ஆடுகிறார்களாம். இவன் மட்டும் ஆடாவிட்டால் பேச ஆள் இருக்காதாம். இந்த மாதிரி கேம்கள் பிள்ளைகள் கைக்குப் போகாமல் தடுக்கச் சட்டம் எதுவும் கிடையாதா? நான்தான் அதிகமாகப் பயப்படுகிறேனா? பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு தாய்


அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகன் கேட்டது நல்ல கேள்வி. அதற்குப் பதில் "இல்லை" என்பதுதான். அத்தான் கொலைகாரர் இல்லை, அவனும் ஆகப்போவதில்லை. இதை முதலில் அவனிடம் சொல்லிவிடுங்கள். "அன்னைக்குக் கோபத்தில் சொல்லிட்டேன், அது சரியில்லை" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னால் இன்னும் நல்லது.

ஏன் இதில் இவ்வளவு கண்டிப்பாக இருக்கிறேன் என்று சொல்கிறேன். வன்முறை கேம்கள் பிள்ளைகளை வன்முறையாளர்களாக்குகின்றனவா என்று பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். 2019-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கியும் கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் நெட்டா வைன்ஸ்டீனும் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பிரிட்டனில் 14, 15 வயதுள்ள சுமார் ஆயிரம் பிள்ளைகளையும் அவர்களை வளர்ப்பவர்களையும் விசாரித்தார்கள். எது வன்முறை கேம் என்பதை ஆடுகிறவர்களின் அபிப்பிராயத்துக்கு விடாமல், எந்த வயதுக்கு மேல் ஆடலாம் என்று கேமுக்குப் போடப்படும் அதிகாரபூர்வ வயதுத் தரத்தை வைத்தே முடிவு செய்தார்கள். பிள்ளையின் முரட்டுத்தனத்தைப் பற்றி வளர்ப்பவர்களிடம் கேட்டார்கள். இரண்டுக்கும் தொடர்பு தெரியவில்லை. அமெரிக்க உளவியல் சங்கம் கொஞ்சம் வேறு மாதிரிச் சொல்கிறது. கத்துவது, தள்ளிவிடுவது போன்ற முரட்டுத்தனத்தோடு சிறிய அளவில் தொடர்பு உண்டு என்கிறது. ஆனால் உண்மையான வன்முறைக் குற்றங்களுக்கு இதைக் காரணமாகச் சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று அதே சங்கம் 2020-இல் தெளிவாகவே சொன்னது.

பிள்ளைகளுக்கு இந்த ஆய்வெல்லாம் தேவையில்லை. வகுப்பில் பத்துப் பேர் ஆடுகிறார்கள், ஒருவரும் யாரையும் கொல்லவில்லை என்பது அவன் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. நாம் சொன்ன காரணம் பொய் என்று அவனுக்குத் தெரிந்த நிமிடமே, அந்தக் காரணத்தை நம்பி நின்ற தடையும் போய்விடும். அப்புறம் நாம் உண்மையான காரணத்தைச் சொன்னாலும் காதில் ஏறாது. எனக்கு அதுதான் பயம். ஏனென்றால் உண்மையான காரணங்கள் இருக்கின்றன. 11 வயதில் அந்த கேம் வேண்டாம் என்பதில் நான் முழுக்க உங்கள் பக்கம்.

என் தங்கை மகனுக்கு அப்போது 12 வயது. இதே மாதிரி பெரியவர்களுக்கான கேம் ஒன்றை ஆடிக்கொண்டிருந்தான். திட்டாமல் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "எனக்கும் காட்டு" என்றேன். சந்தோஷமாகக் காட்டினான். உண்மையைச் சொன்னால் முதல் அரைமணி நேரம் நானும் அதில் மயங்கித்தான் போனேன். முழுதாக ஒரு நகரம். மழை பெய்து நனைந்த சாலையில் கடை விளக்குகள் நீளமாக விழுகின்றன. ரேடியோவில் பாட்டு ஓடுகிறது. அவனுக்குப் பிடித்ததே கார் ஓட்டுவதுதான். சிக்னலில் நின்றெல்லாம் ஓட்டிக் காட்டினான்.

அப்புறம் கதையில் ஓர் இடம் வந்தது. ஒருவனை நாற்காலியில் கட்டி வைத்திருக்கிறார்கள். மேசைமேல் கருவிகள் கிடக்கின்றன. எதை எடுப்பது என்று ஆடுகிறவன்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். எடுத்து, பட்டனை அழுத்தி, அந்த ஆளைச் சித்திரவதை செய்ய வேண்டும். நான் பையனின் முகத்தைப் பார்த்தேன். அவன் சிரிக்கவில்லை, ரசிக்கவும் இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, தலையைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டு, கட்டைவிரலால் மட்டும் அழுத்திக்கொண்டே இருந்தான். "ஏண்டா, பிடிக்கலேன்னா விட்டுடலாமே" என்றேன். "இதை முடிச்சாத்தான் மாமா அடுத்தது வரும்" என்றான்.

உங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள். சினிமாவில் இப்படி ஒரு காட்சி வந்தால் பிள்ளை கண்ணை மூடிக்கொள்ளலாம், எழுந்து தண்ணீர் குடிக்கப் போகலாம். அவன் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் படம் ஓடும். இங்கே அவன் கை அசைந்தால்தான் காட்சியே நகரும். ஒருவேளை அந்தக் காட்சியை எழுதியவர்கள் சித்திரவதை எவ்வளவு கேவலமானது, எவ்வளவு வீணானது என்று உணர்த்தத்தான் அப்படி எழுதியிருப்பார்கள். ஆடுகிறவனுக்கு அருவருப்பு வரவேண்டும் என்றே எழுதியிருப்பார்கள். வளர்ந்தவன் அதை அந்த இடத்தில் வைத்துப் புரிந்துகொள்வான். 12 வயதுக்காரனுக்கு அந்த அர்த்தம் போய்ச் சேரவில்லை, பட்டன் மட்டும் போய்ச் சேர்ந்தது. அன்று அவன் கையில் இருந்ததைப் பற்றிப் பேச அவனிடம் வார்த்தை இல்லை. நான் பக்கத்தில் இல்லாவிட்டால் யாரிடமும் பேசியிருக்கவும் மாட்டான்.

கேம் பெட்டியின் மூலையில் இருக்கும் வயது எண் சொல்வது இவ்வளவுதான்: இதை உருவாக்கியவர்கள் மனதில் இருந்தது வேறு ஓர் ஆள், உன் மகன் இல்லை. அந்த எண்ணை ஆடும் திறமையின் அளவாக எடுத்துக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். "எங்க பையன் கெட்டிக்காரன், 18-ஐயே ஆடிடுவான்" என்று பெருமையாகச் சொன்ன ஒரு அப்பாவை எனக்குத் தெரியும். கஷ்டமா சுலபமா என்பதற்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. சதுரங்க கேம் எவ்வளவு கடினமாக இருந்தாலும் அதற்கு 3 என்றுதான் போடுவார்கள்.

வயது எண் போடும் இந்த வழக்கம் வந்த கதையும் தெரிந்திருக்கட்டும். மார்ட்டல் காம்பாட் என்ற சண்டை கேமில் தோற்றவனின் தலையை முதுகெலும்போடு பிடுங்கும் காட்சி பெரிய சர்ச்சையானது. 1993 டிசம்பரில் அமெரிக்க செனட்டில் விசாரணையே நடந்தது. நீங்களே ஏற்பாடு செய்யாவிட்டால் நாங்கள் செய்வோம் என்று அரசுத் தரப்பு மிரட்ட, 1994-இல் கேம் நிறுவனங்களே சேர்ந்து ஈஎஸ்ஆர்பி என்ற தர அமைப்பைத் தொடங்கின. அதில் 'எம்' என்றால் 17 வயதுக்கு மேல். ஐரோப்பாவில் 2003-இல் பெகி என்ற தர அமைப்பு வந்தது. அதில் 3, 7, 12, 16, 18 என்று நேரடியாகவே எண்கள். எண்ணைவிட அதன் பக்கத்தில் இருக்கும் காரணக் குறிப்புகள்தான் முக்கியம் என்பேன். ரத்தம், கெட்ட வார்த்தை, பாலியல் காட்சி, போதைப்பொருள், சூதாட்டம் என்று எதனால் அந்த வயது போடப்பட்டது என்று அதில் இருக்கும். இரண்டே நிமிடம்தான், படித்துவிடுங்கள்.

சட்டம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நாட்டுக்கு நாடு வேறுபடும். ஜெர்மனியில் வயதுத் தரத்தை மீறிப் பிள்ளைகளுக்கு விற்பது சட்டப்படியே தவறு. கலிஃபோர்னியா 2005-இல் கொண்டுவந்த தடைச் சட்டத்தை, கருத்துச் சுதந்திரத்துக்கு எதிரானது என்று 2011-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனால் அங்கே சட்டம் இல்லாமலே கடைகள் திருந்தின. வர்த்தக ஆணையம் பிள்ளைகளைக் கடைகளுக்கு அனுப்பிச் சோதித்துப் பார்த்தது. 2000-இல் எம் தர கேம் கேட்டுப் போன பிள்ளைகளில் 85 சதவீதம் பேருக்குக் கிடைத்தது. 2013-இல் கிடைத்தது 13 சதவீதம் பேருக்குத்தான். பாராட்ட வேண்டிய மாற்றம். வருத்தம் என்னவென்றால், கல்லாவில் ஆள் நிற்கும் கடை அவ்வளவு ஒழுங்கானபோது, கேம்கள் கடையை விட்டே கிளம்பிக்கொண்டிருந்தன. இப்போது நேராக வீட்டுக்குள் இறங்குகின்றன. "நீங்கள் பிறந்த ஆண்டு?" என்று திரை கேட்கிறது. என் தங்கை மகன் கட்டைவிரலால் ஒரு சுண்டு சுண்டினான், சக்கரம் மாதிரி ஆண்டுகள் சுழன்று போய் 1950-களில் எங்கோ நின்றன. அதையே அழுத்திவிட்டு உள்ளே போய்விட்டான். அவனைப் பொறுத்தவரை அது பொய்கூட இல்லை, கதவைத் திறக்கும் பட்டன்.

அதனால் உங்கள் வீட்டு கன்சோலில்தான் வேலை இருக்கிறது. மகனுக்கு அவனுடைய உண்மையான வயதைக் கொடுத்துத் தனியாக ஒரு அக்கவுண்ட் தொடங்குங்கள். பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், நின்டெண்டோ மூன்றிலுமே பெற்றோர் கட்டுப்பாடு உண்டு. எந்த வயதுத் தரம் வரை திறக்கலாம் என்று நீங்களே வைக்கலாம். பெரியவர்களின் அக்கவுண்ட்டுகளுக்கு ரகசிய எண் (PIN) போடுங்கள். அது இல்லாவிட்டால் மற்றதெல்லாம் செய்தும் பயனில்லை, அவன் உங்கள் கணவரின் பெயரைத் தொட்டு உள்ளே போய்விடுவான்.

கூடவே ஒன்று கேளுங்கள்: "ஹெட்செட்டில் யாரோட பேசறே?" எனக்கு ரத்தத்தைவிட இதுதான் பெரிய கவலை. ஆன்லைனில் மற்றவர்கள் பேசுவது எங்கள் தரத்தில் அடங்காது என்று ஈஎஸ்ஆர்பியே சொல்கிறது. 18 போட்ட கேமுக்குள் இருப்பவர்கள் பெரும்பாலும் பெரியவர்கள், பெரியவர்கள் தங்களுக்குள் பேசுவது போலத்தான் பேசுவார்கள். அன்று தங்கை மகனின் ஹெட்செட்டை வாங்கி என் காதில் வைத்தேன். ஒரு ஆண்குரல், நடுத்தர வயது இருக்கும், அவனிடம் எத்தனையாவது படிக்கிறாய் என்று கேட்டுக்கொண்டிருந்தது. கெட்ட எண்ணம் இல்லாமலே கேட்டிருக்கலாம். எனக்குக் கை நடுங்கிவிட்டது. வயது குறைந்த கேமென்றால் இந்தக் கவலை இல்லை என்றும் நினைக்காதீர்கள். ஃபோர்ட்நைட் பதின்ம வயதினருக்கான தரம் பெற்றது. அதில் குரல் அரட்டையைப் பிள்ளைகளுக்கும் தானாகவே திறந்து வைத்திருந்தார்கள் என்பது 2022-இல் அமெரிக்க அரசு அதை உருவாக்கிய எபிக் நிறுவனத்தின் மேல் வைத்த குற்றச்சாட்டுகளில் ஒன்று. பிள்ளைகளின் அந்தரங்க உரிமை தொடர்பான அந்தப் பகுதிக்கு மட்டும் நிறுவனம் 27.5 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அரட்டையை அமைப்புகளில் போய் அணைக்கலாம், அல்லது தெரிந்த நண்பர்களோடு மட்டும் என்று வைக்கலாம்.

பேச ஆள் இருக்காது என்று அவன் சொல்வதைச் சாக்கு என்று ஒதுக்காதீர்கள். அந்த வயதில் இடைவேளைப் பேச்சிலிருந்து வெளியே நிற்பது பெரிய வலி. ஆனால் "எல்லோரும்" என்று அவன் சொல்வது அநேகமாக நாலைந்து பேராக இருக்கும். அந்த நாலைந்து பேரில் இரண்டு அம்மாக்களுக்காவது போன் செய்யுங்கள். குற்றம் சொல்லும் குரலில் வேண்டாம், "எனக்கு இப்படி ஆச்சு, உங்க வீட்ல என்ன செய்யறீங்க?" என்று கேளுங்கள். உங்களைப் போலவே தனியாகக் கவலைப்பட்டுக்கொண்டிருக்கும் ஒருவர் அங்கே இருப்பார். மூன்று வீடுகள் சேர்ந்து வேறொரு கேமுக்கு மாறினால் இடைவேளைப் பேச்சும் கூடவே மாறிவிடும்.

மாற்று என்ன என்பதை அவனுக்கு அதில் எது பிடித்தது என்று தெரிந்தபிறகு முடிவு செய்யுங்கள். கார் என்றால் ஃபோர்ஸா ஹொரைசன் இருக்கிறது, சிறு பிள்ளைகளும் ஆடலாம். கட்டுவதும் சுற்றுவதும் என்றால் மைன்கிராஃப்ட். "கூடாது" என்பதோடு "எப்போது" என்பதையும் சொல்லிவிடுங்கள். 15, 16 வயதில் சில கேம்களைக் குறிப்பைப் படித்துவிட்டு, கூடவே உட்கார்ந்து, சேர்ந்து முடிவு செய்யலாம். அந்த எண் வேதவாக்கு இல்லை, ஒரே கேமுக்கு இரண்டு அமைப்புகள் வேறு வேறு வயது சொல்வதும் உண்டு. என்றாலும் 11-க்கும் 18-க்கும் நடுவில் இருப்பது ஒன்றிரண்டு வயது இல்லை.

நீங்கள் அதிகமாகப் பயப்படவில்லை. இரண்டு மாதமாகத் தெரியாமல் போனதற்காக உங்களையே நொந்துகொள்ளவும் வேண்டாம்.

கடைசியாக அண்ணன் மகன். அவன்மேல் கோபம் இருக்கும். ஆனால் அவன் தனக்குப் பிடித்ததைத் தம்பியோடு பகிர்ந்துகொண்டான், அவ்வளவுதான். இந்தக் கடிதத்தில் எனக்கு எழுதியதையே அவனிடமும் சொல்லுங்கள், பையன் கேட்ட கேள்வி உட்பட. தன் அக்கவுண்ட்டை அவனே, தம்பியிடம் போனில் பேசிக்கொண்டே, ஏன் என்று சொல்லி எடுக்கட்டும். அத்தான் வாயிலிருந்து வந்தால் அவன் கேட்பான். அடுத்த விடுமுறைக்கு வரும்போது இரண்டு பேரும் ஒரே சோபாவில் உட்கார்ந்து, ஆளுக்கொரு கண்ட்ரோலர் வைத்துக்கொண்டு ஆடுகிற மாதிரி ஒன்றை அவனையே தேர்ந்தெடுத்து வரச் சொல்லுங்கள்.