பல் படிப்புக்குப் பிறகு தாடை அறுவைச் சிகிச்சை: கேளுங்கள், சொல்கிறேன்

வணக்கம். அமெரிக்காவில் பல் மருத்துவம் படித்து, அங்கேயே நான்கு ஆண்டு வாய், தாடை அறுவைச் சிகிச்சை ரெசிடென்சி என்ற ஆஸ்பத்திரிப் பயிற்சியை முடித்துவிட்டு, இப்போது சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். இன்று மாலை எனக்கு டியூட்டி இல்லை. இந்தத் துறையில் இடம் வாங்குவது பற்றி என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். ஞானப்பல் எக்ஸ்ரே மட்டும் அனுப்பாதீர்கள். போன தடவை பதினேழு வந்தது.

உட்லண்ட்ஸ் பொண்ணு: அக்கா, நான் அமெரிக்காவில் டி.எம்.டி. பல் மருத்துவப் படிப்பு, மூன்றாம் ஆண்டு. வகுப்பு ரேங்க், சி.பி.எஸ்.இ. மார்க், எக்ஸ்டர்ன்ஷிப், சிபாரிசுக் கடிதம், இதில் எதற்கு மதிப்பு அதிகம்?

முதலில் சி.பி.எஸ்.இ., அதாவது Comprehensive Basic Science Examination என்ற தேர்வு, ஏன் வந்தது என்று தெரிந்துகொள். முன்பெல்லாம் அங்கே தேசியப் பல் தேர்வின் முதல் பகுதிக்கு மார்க் உண்டு. 2012-இல் அதை வெறும் பாஸ், ஃபெயில் ஆக்கினார்கள். ஒரு கல்லூரி ஆளை இன்னொரு கல்லூரி ஆளோடு ஒப்பிட வழி போயிற்று. அதற்குப் பிறகுதான் தாடை அறுவைத் துறை இந்தத் தேர்வைப் பிடித்துக்கொண்டது. மருத்துவ மாணவர்களுக்கென்று ஆன அடிப்படை அறிவியல் தேர்வு, 200 கேள்வி. பல்லைத் தேடினால் கிடைக்காது. சிறுநீரகம், இதயம், நோய்க்குறியியல், மருந்தியல், கிருமிகள், இவைதான். நான் முதல் தடவை ஆறு வாரம் படித்து எழுதிக் கோட்டைவிட்டேன். இரண்டாவது தடவை ஐந்து மாதம், தினம் நாற்பது கேள்வி, தப்பானதை நோட்டில் எழுதுவது. வேறு ரகசியம் இல்லை.

மார்க்கும் ரேங்க்கும் நேர்முகத்துக்குக் கூப்பிட வைக்கும். அதற்கு மேல் எக்ஸ்டர்ன்ஷிப்தான். ஒன்றிரண்டு வாரம் அந்த ஆஸ்பத்திரியில் அவர்கள் கூடவே இருப்பது. என்னுடைய இரண்டாவது எக்ஸ்டர்ன்ஷிப்பில் ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவரைக் கொண்டுவந்தார்கள். கீழ்க் கடைவாய்ப்பல்லில் ஆரம்பித்த சீழ் வாயின் அடித்தளம் முழுக்கப் பரவி, நாக்கைத் தூக்கிவிட்டிருந்தது. மனிதர் படுக்க முடியாமல் முன்னால் சாய்ந்து உட்கார்ந்து, விழுங்க முடியாத எச்சிலைத் துண்டில் விட்டுக்கொண்டிருந்தார். 1836-இல் லுட்விக் என்ற ஜெர்மன் மருத்துவர் எழுதிவைத்த அதே நோய். சீஃப் ரெசிடென்ட் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சக்‌ஷன் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தேன், நூல் வெட்டினேன், விடிந்ததும் வார்டில் ஆறு பேருக்கு டிரெஸ்ஸிங் மாற்றக் கூடப் போனேன். என்னோடு வந்திருந்த இன்னொரு மாணவருக்கு என்னைவிட மார்க் அதிகம். அவர் பத்து மணிக்கே அறைக்குத் தூங்கப் போயிருந்தார். எனக்கு இடம் கொடுத்தது அந்த ஆஸ்பத்திரிதான்.

கடிதம் என்றால், உன் கையைப் பார்த்தவர் எழுதியது ஒன்றாவது இருக்க வேண்டும். டீன் எழுதும் கடிதம் எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கும், படிப்பவர்களுக்கும் அது தெரியும்.

ஒன்று மட்டும். போய் நின்று பார்க்காமல் இந்தத் துறைதான் வேண்டும் என்று சொல்லாதே. இதை இன்றைக்கு இன்னும் நாலு தடவை சொல்வேன்.

தோ பாயோ அப்பா: டாக்டர், மகன் உயர்நிலை இரண்டு. சி.பி.எஸ்.இ. இவ்வளவு முக்கியம் என்றால் இப்போதே அவனை இந்தியப் பள்ளிக்கு மாற்றிவிடலாமா?

ஐயா, அது வேறு சி.பி.எஸ்.இ.! பையனை இருக்கிற பள்ளியிலேயே விடுங்கள்.

கென்ட் ரிட்ஜ் மூன்றாம் ஆண்டு: நான் இங்கே தேசியப் பல்கலைக்கழகத்தில் பி.டி.எஸ். எனக்கும் அந்தத் தேர்வு வேண்டுமா?

இங்கேயே படிப்பதென்றால் வேண்டாம். உங்கள் பாதை வேறு. நான்கு ஆண்டு பட்டம், பிறகு அரசாங்கச் சேவை ஒப்பந்தம், அதற்கப்புறம் அதே பல்கலைக்கழகத்தில் எம்.டி.எஸ். என்ற பல் மருத்துவ மேற்படிப்புப் பயிற்சிக்கு விண்ணப்பம். இடம் மிகக் குறைவு, ஊரும் சின்னது. உங்களைத் தேர்ந்தெடுக்கப் போகிறவர்கள் ஏற்கெனவே உங்களோடு வேலை செய்திருப்பார்கள். அது சாதகமா பாதகமா என்பது உங்கள் கையில். பட்டம் முடித்ததும் போஸ்டிங் கேட்கும்போது அவுட்ரம் பக்கத்துத் தேசியப் பல் நிலையமோ ஆஸ்பத்திரியோ, அறுவை வேலை அதிகம் நடக்கிற இடமாகக் கேளுங்கள். பலதுறை மருந்தகத்தில் போட்டார்கள் என்றால் அழ வேண்டாம். அங்கே நாள் பூராவும் பல் பிடுங்கலாம். உடைந்த வேரைப் பதறாமல் எடுக்கப் பழகினவரை எனக்குத் தனியாகவே தெரியும்.

முடிச்சுப் பழக்கமும் வீட்டிலேயே வரும். நான் விடுமுறைக்கு வந்தபோது அம்மா துணி காயப்போடும் மூங்கில் கழியில் பட்டு நூலால் முடிச்சுப் போட்டுப் பழகினேன். பன்னிரண்டாவது மாடி சமையலறை ஜன்னலிலிருந்து கழியை நீட்டும்போதெல்லாம் கறுப்புக் கறுப்பாக வால் ஆடும். புளோக் முழுக்க அம்மாவிடம் என்னவென்று விசாரித்தார்கள்.

செங்காங் வாசகி: டாக்டர், ஞானப்பல் சாய்ந்து முளைத்திருக்கிறது, வலி இல்லை. எடுக்கணுமா?

உங்கள் பல் மருத்துவரிடம் கேளுங்கள். அடுத்தவர்.

திருச்சி பி.டி.எஸ்.: மேடம், அக்கா வீடு ஈசூனில் இருக்கிறது. நான் திருச்சியில் ஹவுஸ் சர்ஜன். நீட் எம்.டி.எஸ். எழுதுவதா, நேராக அமெரிக்கா போவதா? எம்.டி.எஸ். முடித்தால் சிங்கப்பூரில் வேலை கிடைக்குமா?

மூன்று கேள்வியைக் கட்டிக் கொடுத்திருக்கிறீர்கள், பிரித்தே சொல்கிறேன்.

நீட் எம்.டி.எஸ். ஒரே தேர்வு, 240 கேள்வி, ரேங்க் வந்தால் கவுன்சலிங், மூன்று ஆண்டுப் படிப்பு. சேருமுன் அந்தக் கல்லூரி ஆபரேஷன் தியேட்டர் வாரத்தில் எத்தனை நாள் ஓடுகிறது என்று இரண்டாம் ஆண்டு பி.ஜி. மாணவரிடம் கேளுங்கள், பிரின்சிபாலிடம் வேண்டாம். விபத்துக் கேஸ் நிறைய வருகிற அரசுக் கல்லூரியில் தாடை முறிவு கட்டக் கட்டக் கை தானாக வரும். கட்டணம் கொட்டிக் கொடுத்துச் சேர்ந்த இடத்தில் மூன்று ஆண்டும் ஞானப்பல்லே எடுத்துக்கொண்டிருந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

அமெரிக்காவில் பெரும்பாலான தாடை அறுவைப் பயிற்சி இடங்கள் அமெரிக்க அல்லது கனடா பல் பட்டம் கேட்கும். வெளிநாட்டுப் பட்டத்தை ஏற்கிற இடங்கள் சில உண்டு, ஆனால் அங்கே கூட்டம் அதிகம். பலர் முதலில் அங்கே இரண்டு மூன்று ஆண்டு படித்து அவர்கள் பட்டத்தை வாங்கிக்கொண்டு பிறகு போட்டியிடுகிறார்கள். அதற்கு ஆகும் கடனை ஒரு தாளில் எழுதி வீட்டில் எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டிவைத்துவிட்டு முடிவெடுங்கள்.

சிங்கப்பூரில் எம்.டி.எஸ். என்று சொன்னதும் வேலை தர மாட்டார்கள். அடிப்படைப் பல் பட்டம் இங்கே பல் மருத்துவ மன்றத்தின் பட்டியலில் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. பட்டியல் அவர்கள் தளத்திலேயே இருக்கிறது, பணம் கட்டுமுன் பாருங்கள். அக்கா வீடு ஈசூனில் இருப்பது சாப்பாட்டுக்கு உதவும்.

பொங்கோல் அண்ணன்: தங்கச்சி மகனுக்கு அமெரிக்காவில் நான்கு ஆண்டு ரெசிடென்சியா, எம்.டி. மருத்துவப் பட்டமும் சேர்ந்த ஆறு ஆண்டா?

தொழிலுக்கு வித்தியாசம் குறைவு. முகத்தில் செய்யும் அறுவை ஒன்றுதான், இரண்டு வழியில் வந்தவரும் எழுதும் போர்டு தேர்வும் ஒன்றுதான். ஆறு ஆண்டில் நடுவே மருத்துவக் கல்லூரி, அந்த ஆண்டுகளுக்குப் பல இடங்களில் கட்டணம் நாம் கட்ட வேண்டும். நான்கு ஆண்டுக்காரர் சம்பளம் வாங்குகிறார். பல்கலைக்கழக வேலை, புற்றுநோய் அறுவை என்று ஆசை இருந்தால் ஆறைப் பற்றி யோசிக்கலாம்.

பொது அறுவைக்காரன்: மன்னிக்கவும் டாக்டர், குறுக்கே வருகிறேன். நான் வயிறு அறுக்கிறவன். கழுத்தைத் திறந்து நிணநீர்க் கட்டிகளை எடுக்கிறவருக்கு மருத்துவப் பட்டம் வேண்டாமா? பிரிட்டனில் இரண்டும் கட்டாயம் இல்லையா?

கட்டாயம்தான். பிரிட்டனில் வாய், தாடை, முக அறுவை என்பது மருத்துவத் துறை, இரண்டு பட்டமும் வேண்டும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்திலும் அப்படியே. அதே பிரிட்டனில் பல் பட்டம் மட்டும் வைத்துக்கொண்டு வாய் அறுவை நிபுணர் ஆகிற தனி வழியும் இருக்கிறது. அமெரிக்கா வேறு மாதிரி முடிவு செய்தது. நான்கு ஆண்டுப் பயிற்சியிலும் மாதக்கணக்கில் மயக்க மருந்துத் துறை, மருத்துவம், பொது அறுவை எல்லாம் உண்டு. உங்கள் துறை ரெசிடென்ட்டுகளோடு நானும் ராத்திரி குடல்வால் கேஸுக்கு நின்றிருக்கிறேன்.

பொது அறுவைக்காரன்: நிற்பது வேறு, பொறுப்பு வேறு. நோயாளிக்கு சர்க்கரை ஏறி 30 மில்லிமோலைத் தொட்டால் யாரைக் கூப்பிடுவீர்கள்?

நீங்கள் கூப்பிடுகிற அதே ஆளைத்தான். உங்கள் வார்டிலும் சர்க்கரைக்கு எண்டோகிரைன் வருகிறார்கள், பார்த்திருக்கிறேன்!

பொங்கோல் அண்ணன்: நாலா ஆறா என்றுதானே கேட்டேன்…

தேக்கா மாமா: ஆறு என்றால் கல்யாணப் பத்திரிகையில் எம்.டி. போடலாம். நாலு என்றால் 'பல் டாக்டர்தானே' என்பார்கள். அவ்வளவுதான் விஷயம்.

மாமா சொன்னதை நான் மறுக்கப் போவதில்லை. தாடை முறிவைக் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால் என் பெரியம்மா இன்றைக்கும் 'பல்லைச் சுத்தம் பண்ணிவிடு' என்றுதான் வாயைத் திறக்கிறார். வயிற்று டாக்டர் சொன்னதிலும் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். மருத்துவப் பட்டம் இருந்தால் மற்றத் துறைக்காரரிடம் பேசும்போது முதல் ஐந்து நிமிடம் மிச்சமாகும். அந்த ஐந்து நிமிடத்துக்கு இரண்டு ஆண்டு கொடுப்பதா என்பது அவரவர் கணக்கு. இதை இத்தோடு விடுவோம், கேள்விகள் சேர்ந்துவிட்டன.

ஜூரோங் வெஸ்ட்: எவ்வளவு மார்க் எடுத்தால் இடம் நிச்சயம்?

எந்த மார்க்குக்கும் நிச்சயம் இல்லை. மேலே எழுதியிருக்கிறேன்.

பிடோக் மாணவன்: அக்கா, கட் ஆஃப் எவ்வளவு?

மேலே.

பாசிர் ரிஸ் அம்மா: பெண் பிள்ளைக்கு இது சரிப்படுமா டாக்டர்? ராத்திரி வேலை, பல் பிடுங்க பலம் வேறு வேண்டும். பல் வரிசையைச் சீர் செய்கிற ஆர்த்தோ என்றால் கல்யாணத்துக்கும் வசதி.

பலத்தால் பிடுங்கினால் தாடை உடையும் அம்மா. பல்லைச் சுற்றி எலும்பைத் தளர்த்தி, வேரைப் பிரித்து எடுப்பதுதான் வேலை. அதற்குப் பொறுமை போதும். ராத்திரி வேலை நிஜம், அதை மறைக்க மாட்டேன். மகளை ஒரு வாரம் ஆன் கால் குழுவோடு நிற்கச் சொல்லுங்கள். திரும்பி வந்து அவளே சொல்லட்டும், கல்யாணக் கணக்கை அப்புறம் போடலாம்.

பெயர் வேண்டாம்: அமெரிக்க ரெசிடென்சி மேட்ச்சில் இடம் கிடைக்கவில்லை. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

எனக்கும் முதல் தடவை கிடைக்கவில்லை. ஜனவரி கடைசி, கிளினிக் நடுவே போனில் பார்த்தேன். பார்த்துவிட்டு நோயாளிக்கு அச்சு எடுத்தேன், அது சரியாக வரவில்லை, மறுபடி எடுத்தேன். வீட்டுக்கு நான்கு நாள் சொல்லவில்லை. சொன்னதும் அப்பா கேட்ட ஒரே கேள்வி, 'மறுபடி எழுதலாமா?'

என் தப்பை இப்போது சொல்லிவிடுகிறேன். ஒன்பது இடத்துக்குத்தான் விண்ணப்பித்தேன், எல்லாம் எனக்குப் பிடித்த ஊர்கள். நேர்முகம் மூன்று. மேட்ச்சில் நாமும் ஆஸ்பத்திரிகளும் ஆளுக்கொரு விருப்ப வரிசை கொடுப்போம், கணினி பொருத்தும். அந்த வரிசையைப் போடும்போது புத்திசாலித்தனம் என்று நினைத்து, 'இவர்கள் என்னை எடுப்பார்கள்' என்று தோன்றிய இடத்தை மேலே வைத்தேன். அது வேண்டாம். மேட்ச் கணினி உங்கள் வரிசையில் மேலிருந்துதான் இடம் தேடும். உண்மையில் பிடித்ததை முதலில் வைப்பதால் கீழே இருப்பது கைநழுவாது.

அடுத்த ஒரு வருடம் இன்டர்னாகச் சேர்ந்தேன். நான்கு ஆண்டு இடத்துக்கு உத்தரவாதம் இல்லாத ஒரு வருட வேலை. ரெசிடென்ட் செய்வதெல்லாம் நீங்களும் செய்வீர்கள். மறு தடவை இருபதுக்கு மேல் விண்ணப்பம், கூடவே அந்த வருடத்து சீனியர் எழுதிய கடிதம். உங்களுக்கு நேர்முகமே வராமல் போனதா, வந்து போனதா? முதலாவது என்றால் மார்க்கைப் பாருங்கள். இரண்டாவது என்றால், உங்களைப் பேட்டி கண்டவர்களில் ஒருவருக்கு எழுதி, என்ன குறை என்று கேளுங்கள். பாதிப் பேர் பதில் போடுவார்கள். வீட்டில் இன்றைக்கே சொல்லுங்கள்.

ஆங் மோ கியோ: கட் ஆஃப்…

தம்பி!

ஹவ்காங்கிலிருந்து: எக்ஸ்ரே அனுப்பவில்லை டாக்டர், கோபிக்காதீர்கள். கணவருக்கு மூன்று நாளாகக் கீழ் ஞானப்பல் வலி. இன்று தாடைக்கு அடியில் இரண்டு பக்கமும் கல் மாதிரி வீக்கம். வாய் ஒரு விரல் அளவுதான் திறக்கிறது. தண்ணீர் விழுங்க முடியவில்லை, பேச்சு குழறுகிறது. நாளைக் காலை கிளினிக் போனால் போதுமா?

போதாது. இப்போதே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு. 995-ஐக் கூப்பிடுங்கள். படுக்க வைக்காதீர்கள், உட்கார்ந்தபடியே இருக்கட்டும். சாப்பிட, குடிக்க ஒன்றும் கொடுக்க வேண்டாம். போனதும் 'விழுங்க முடியவில்லை' என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள், பல் வலி என்று ஆரம்பிக்க வேண்டாம். இதைப் படித்ததும் ஒரு வரி போடுங்கள். அதுவரை வேறு கேள்விக்குப் பதில் சொல்லவில்லை.

ஹவ்காங்கிலிருந்து: கூப்பிட்டுவிட்டோம். கீழே வந்துவிட்டார்கள்.

சரி, போங்கள்.