ஹட்டனில் வளர்க்கும் தங்கமீனின் மேல் வெள்ளைப் புள்ளி: நீல மருந்து ஏன் பலிக்கவில்லை?

ஹட்டனில் இரண்டடித் தொட்டியொன்றில் இரண்டு தங்கமீன்கள் வளர்ப்பதாகவும், அவற்றில் ஒன்றின் மேல் ரவையைத் தூவினாற்போல் வெள்ளைப் புள்ளிகள் கிளம்பியிருப்பதாகவும், மற்றது அடியில் படுத்தபடி தீனியைத் தொடுவதே இல்லை என்றும், கடைக்காரர் கொடுத்த நீல மருந்தை மூன்று நாள் ஊற்றியும் குணம் தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். தண்ணீர் மலை ஊற்றுப் பீலியிலிருந்து வருவது என்பதையும், கொழும்பிலிருந்து இன்னொரு மீன் வாங்கி வர எண்ணியிருப்பதையும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். நான் நுவரெலியாவில் 14 ஆண்டுகளாகத் தங்கமீன் வளர்ப்பவன். மிருக வைத்தியன் அல்லன். என் தொட்டியில் செத்த மீன்களிடமிருந்து கற்றதைத்தான் பெரும்பாலும் இங்கே எழுதுகிறேன்.

இன்றைக்கே செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீல மருந்தை நிறுத்துங்கள். தீனியையும் நிறுத்துங்கள், வளர்ந்த தங்கமீன் இந்தக் குளிரில் ஒரு வாரம் பட்டினி கிடந்தாலும் அதற்குக் கேடு வராது, ஆனால் அது தின்னாமல் விட்ட தீனி ஒரே இரவில் தண்ணீரைக் கெடுத்துவிடும். தண்ணீரில் காற்றுக் குமிழி விடும் காற்றுக்கல்லை இராப்பகலாக ஓட விடுங்கள். காலையும் மாலையும் தொட்டித் தண்ணீரில் பத்தில் ஒரு பங்கை மட்டும் எடுத்துவிட்டு, அதே அளவு குளிர்ச்சியுள்ள புதுத் தண்ணீரை ஊற்றுங்கள். பாதித் தண்ணீரை ஒரேயடியாக மாற்ற வேண்டாம். அதன் காரணத்தைக் கீழே விளக்குகிறேன்.

நீங்கள் ஊற்றியது பெரும்பாலும் மெத்திலீன் நீலமாகத்தான் இருக்கும். அது கெட்ட மருந்தன்று. முட்டைகளில் பூஞ்சணம் பிடிக்காமலிருக்கவும், தனிப் பாத்திரத்தில் வைத்துப் பார்க்கும் மீனுக்கும் அது உதவும். தொட்டியிலேயே ஊற்றும்போதோ, வடிகட்டியில் குடியிருந்து மீனின் கழிவை நஞ்சற்றதாக மாற்றித் தரும் பக்டீரியாக்களையும் அது தாக்கிவிடுகிறது. வெள்ளைப் புள்ளியை உண்டாக்கும் ஒட்டுண்ணிக்கு இக்தியோப்திரியஸ் என்று பெயர். கண்ணுக்குத் தெரியும் ஒவ்வொரு புள்ளியும் மீனின் தோலுக்கு அடியில் புகுந்து தின்று கொழுத்துக்கொண்டிருக்கும் ஓர் உயிர். அந்த நிலையில் தண்ணீரில் ஊற்றும் மருந்து அதை எட்டுவதில்லை. அது கொழுத்தபின் மீனை விட்டு உதிர்ந்து, அடியிலுள்ள கல்லில் ஒட்டிக் கூடு கட்டி, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரிகிறது. அந்தக் குஞ்சுகள் மறுபடியும் மீனைத் தேடி நீந்தி வரும் குறுகிய காலத்தில் மட்டுமே உப்போ மருந்தோ அவற்றைக் கொல்லும். இந்தச் சுற்று 24 பாகை செல்சியஸ் அளவில் ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். 15 பாகையில் இரண்டு வாரத்துக்கு மேல் இழுக்கும். 10 பாகைக்குக் கீழே ஒரு மாதத்தையும் தாண்டும். குப்பியில் மூன்று நாள் என்று அச்சிட்டவர் சூடான ஊரை மனத்தில் வைத்தே அச்சிட்டிருப்பார். மூன்றாம் நாள் உங்கள் மீனின் மேலிருந்த புள்ளிகள் தோலுக்கு அடியில் பத்திரமாகவே இருந்திருக்கும்.

ஆனால் அது வெள்ளைப் புள்ளி நோய்தானா என்பதை ஒரு முறை உறுதிசெய்துகொள்வது நல்லது. இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, டோர்ச் லைட்டைத் தொட்டியின் பக்கவாட்டிலிருந்து அடித்துப் பாருங்கள். புள்ளிகள் செட்டை, வால், உடல் என்று ஒழுங்கின்றிச் சிதறியிருந்து, நாளுக்கு நாள் எண்ணிக்கையில் கூடினால் அது நோய். செவுள் மூடியின் மேலும் முன்செட்டையின் முதல் முள்ளின் மேலும் மட்டும் வரிசையாக, சொரசொரப்பாக இருந்தால், அது இனப்பெருக்கக் காலத்தில் ஆண் மீனுக்கு இயல்பாகவே வரும் மணிகள். அதற்கு மருந்தூற்றியவர்களில் நானும் ஒருவன். புள்ளியாக இல்லாமல் பஞ்சுத் துண்டு ஒட்டியதுபோல் இருந்தால், காயத்தின் மேல் படர்ந்த பூஞ்சணமாக இருக்கலாம். நம் ஊரில் தை, மாசிக் குளிரில் அதுவே அதிகம்.

அடியில் படுத்திருக்கும் மற்ற மீனைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. புள்ளி இல்லாமல், செட்டைகளை உடலோடு ஒட்டி வைத்துக்கொண்டு, செவுளை வேகமாக அடித்தபடி ஒரு மீன் படுத்திருக்குமானால், நான் முதலில் சந்தேகிப்பது மீனின் கழிவிலிருந்து தண்ணீரில் சேரும் நஞ்சான அமோனியாவைத்தான். செட்டையிலும் வாலிலும் மெல்லிய இரத்தக் கோடுகள் ஓடியிருக்கின்றனவா என்று பாருங்கள். அமோனியாவை அளக்கும் துளி மருந்துப் பெட்டி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது நிறத்தைப் பார்த்து அளவு சொல்லும் சோதனை என்பதால், தண்ணீர் நீலமாக இருக்கும்வரை அதில் வரும் விடையை நம்ப முடியாது. இரண்டு மூன்று நாள் தண்ணீர் மாற்றி நீலம் வெளுத்தபின்தான் அளக்க வேண்டும்.

பாதித் தண்ணீரை மாற்ற வேண்டாம் என்றதற்குக் காரணம் இதுதான். மலைநாட்டு ஊற்றுத் தண்ணீர் மென்மையானது. சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. மீனின் கழிவை மாற்றும் பக்டீரியாக்கள் வேலை செய்யச் செய்ய அமிலம் உண்டாகிறது. அதைத் தாங்கிப் பிடிக்கும் சத்து தண்ணீரில் இல்லாததால், சில மாதங்களில் தொட்டியின் பி.எச். அளவு (எண் குறையக் குறைய அமிலம் கூடுதல் என்று பொருள்) 6-க்கும் கீழே சரிந்துவிடுகிறது. அந்த அமிலத்தில் பக்டீரியாக்களும் வேலையை ஏறக்குறைய நிறுத்திவிடுகின்றன. அமோனியா சேருகிறது, ஆனால் அமிலத் தண்ணீரில் அது பெரும்பாலும் அமோனியம் என்ற நஞ்சு குறைந்த வடிவில் இருப்பதால் மீனை உடனே கொல்வதில்லை. புதுத் தண்ணீரை நிறைய ஊற்றி பி.எச். ஓர் அலகு உயர்ந்தால், நஞ்சான வடிவத்தின் பங்கு ஏறத்தாழப் பத்து மடங்காகிவிடும்.

இதை அறியாமல் நான் ஒரு மீனைக் கொன்றேன். எட்டு மாதம் வளர்த்த, சிவப்புத் தொப்பி ஒரண்டா என்ற வகைத் தங்கமீன் அது; இரண்டு நாள் சோர்ந்திருந்ததைப் பார்த்து, தண்ணீர் அழுக்காகிவிட்டது என்று ஒரு ஞாயிறு காலையில் முக்கால் தொட்டித் தண்ணீரை இறைத்துவிட்டு, ஒரு நாள் முழுதும் வாளிகளில் பிடித்து வைத்திருந்த நகரக் குழாய்த் தண்ணீரை ஊற்றினேன். குளோரின் போக வைத்ததில் ஒரு குறையும் இல்லை, குளிர்ச்சியும் சமம். பத்து நிமிடத்தில் மீன் மேலே வந்து வாயைப் பிளந்தது. பிறகு பக்கவாட்டில் சாய்ந்து ஒரு வட்டம் போட்டது. நான் பகலுணவுக்கு உட்காருமுன் செத்துப்போனது. இறைத்து வைத்திருந்த பழைய தண்ணீரைப் பின்னர் அளந்தபோது பி.எச். 5.8, குழாய்த் தண்ணீரோ 7.4. அதுவரை மீனைச் சாகடிக்காமல் வைத்திருந்தது, நான் அழுக்கென்று கொட்டிய அந்தத் தண்ணீரின் அமிலம்தான்.

ஆகவே தொட்டித் தண்ணீர், புதுத் தண்ணீர் இரண்டின் பி.எச். அளவையும் ஒரே வேளையில் அளந்து பாருங்கள். வேறுபாடு அரை அலகுக்கு உட்பட்டதாக இருந்தால் மூன்றில் ஒரு பங்கு வரை மாற்றலாம். பீலித் தண்ணீர் தானும் சற்று அமிலமாகவே இருப்பதால் உங்களுக்கு அப்படி அமையவும் கூடும். அதற்கு மேல் வேறுபட்டால், காலை மாலைப் பத்தில் ஒரு பங்கு என்ற கணக்கைவிட்டு நகர வேண்டாம். அமோனியா நன்றாகக் குறைந்தபின், கோழித் தீனிக் கடையில் கிடைக்கும் சிப்பி ஓட்டை இரண்டு கைப்பிடி கழுவி, வலைப் பையில் கட்டி வடிகட்டிக்குள் வைத்துவிட்டால், அது தேவைக்கேற்பக் கரைந்து பி.எச். சரியாமல் பார்த்துக்கொள்ளும். அவசரமாக உயர்த்த வேண்டியிருந்தால், வீட்டில் இருக்கும் அப்பச்சோடாவில் 50 லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி என்ற அளவை மூன்று நாளாகப் பிரித்துக் கரைத்து ஊற்றலாம். தேயிலை மலைகளில் மண்ணின் புளிப்பை முறிக்க டொலமைட் போடுவார்கள் அல்லவா, இதுவும் அந்த வைத்தியந்தான்.

இனி வெள்ளைப் புள்ளிக்கு வருவோம். நான் உப்பைத்தான் நம்புகிறேன். லீற்றருக்கு 3 கிராம் என்பது கணக்கு. இரண்டடித் தொட்டி என்றால் 60 சென்றிமீற்றர் நீளம், 30 அகலம், 30 உயரத்துக்குத் தண்ணீர் என்று வைத்தால் 54 லீற்றர். அடியிலுள்ள கல்லுக்குக் கழித்தால் 50 லீற்றர். ஆக 150 கிராம் கல்லுப்பு. கரண்டிக் கணக்கு வேண்டாம், தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். அதை மூன்று பங்காக்கி, ஒரு குவளைத் தண்ணீரில் முழுதாகக் கரைத்து, பன்னிரண்டு மணித்தியால இடைவெளியில் ஊற்றுங்கள். உப்பு ஆவியாகிப் போவதில்லை. தண்ணீர் மாற்றும்போது மாற்றிய தண்ணீருக்குரிய உப்பை மட்டும் சேர்க்க வேண்டும். ஐந்து லீற்றர் மாற்றினால் 15 கிராம். இதை மறந்து ஒவ்வொரு முறையும் முழு அளவைப் போடுகிறவர்களுடைய மீன்கள் நோயால் சாவதில்லை, உப்பால் சாகின்றன. செடிகள் இருந்தால் முன்னமே வெளியே எடுத்துவிடுங்கள்.

ஒட்டுண்ணியின் சுற்றைச் சுருக்க ஹீட்டர் ஒன்று வைத்து, நாளுக்கு இரண்டு பாகைக்கு மேற்படாமல், 22 முதல் 24 பாகை வரை ஏற்றுவது நல்லது. இங்கே நம் உயரத்துக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்றழுத்தம் கொழும்பில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான், அதனால் தண்ணீரில் கரையும் ஒட்சிசனும் குறைவு. குளிர்ந்த தண்ணீர் அதிக ஒட்சிசனைப் பிடித்து வைப்பதால் வழக்கமாக அது நமக்குத் தெரிவதில்லை. இங்குள்ள 15 பாகைத் தொட்டியும் கொழும்பிலுள்ள 27 பாகைத் தொட்டியும் லீற்றருக்கு ஏறத்தாழ 8 மில்லிகிராம் ஒட்சிசனைத்தான் தாங்கும். அதே தொட்டியை இங்கே 24 பாகைக்கு ஏற்றினால் அது 7-க்கும் கீழே இறங்கிவிடும். புள்ளி நோய் செவுளையும் தின்றிருக்கும் வேளையில் அந்தக் குறைவு மீனுக்குப் பெரிது. ஹட்டன் இதைவிடத் தாழ்வானது என்றாலும், காற்றுக்கல் இல்லாமல் ஹீட்டரைப் போட வேண்டாம். அடிக்கடி மின்சாரம் தடைப்படும் வீடாக இருந்தால், ஹீட்டரே வேண்டாம். ஏறியிறங்கும் வெப்பநிலையைவிட நிலையான குளிர் மேல். அப்போது கடைசிப் புள்ளி மறைந்தபின்னும் மூன்று வாரம் உப்பை வைத்திருங்கள். சூடாக்கிய தொட்டியில் பத்து நாள் போதும்.

மற்ற நோய்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். செட்டை நுனி வெண்மையாகிக் கிழிந்து வந்தால், தண்ணீரைச் சரிசெய்தாலே பெரும்பாலும் தானே வளர்ந்துவிடும். உருண்டை உடல் மீன்கள் தலைகீழாக மிதந்தால், மூன்று நாள் பட்டினி போட்டு, பிறகு தோல் நீக்கி அவித்த பச்சைப் பட்டாணியை நசுக்கிக் கொடுத்துப் பாருங்கள். தங்கமீனுக்கு இரைப்பை என்ற உறுப்பே இல்லை, குளிரில் குடலும் மந்தமாகிவிடும், நாம் அறியாமல் அதிகம் கொடுத்துவிடுகிறோம். செதில்கள் பைன் மரக் காய் விரிந்ததுபோல் எழுந்து நின்று வயிறு வீங்கினால், சிறுநீரகம் கெட்டிருக்கும். நான் பார்த்தவற்றில் ஒன்றுதான் மீண்டது. அத்தகைய மீனை நீண்ட நாள் துன்பப்பட விடாமல், கராம்பு எண்ணெய் சில துளிகளைச் சிறு குப்பியில் தண்ணீருடன் குலுக்கித் தனிப் பாத்திரத்தில் ஊற்றி முதலில் உறங்கவைத்து, பிறகு அதிகமாக ஊற்றி, செவுள் அசைவு நின்றபின்னும் பத்து நிமிடத்துக்குக் குறையாமல் அப்படியே விடலாம்.

ஒரு வாரத்தில் எந்த முன்னேற்றமும் இல்லையென்றால், செவுளில் கண்ணுக்குத் தெரியாத புழுக்கள் இருக்கலாம். அதை நுணுக்குக்காட்டியில் பார்த்தாலன்றி உறுதிசெய்ய முடியாது. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடத்தில் நீர்வாழ் உயிரினங்களின் நோய்களை ஆராயும் பிரிவு உண்டு. முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டு, மீனை உயிருடன், அதன் சொந்தத் தண்ணீரிலேயே கொண்டுசெல்லுங்கள். செத்து அரை நாளான மீனில் பார்க்க ஒன்றும் மிஞ்சாது. பார்மசியில் மனிதருக்குக் கொடுக்கும் கெப்சூலை உடைத்துத் தொட்டியில் கொட்டும் பழக்கத்தை மட்டும் தொடங்காதீர்கள். வடிகட்டியில் மிஞ்சியிருக்கும் நல்ல பக்டீரியாக்களும் அதோடு போய்விடும்.

மூன்றாவது மீனை இப்போது வாங்காதீர்கள். கொழும்பில் 28 பாகையில் நின்ற மீனைப் பையில் கட்டி, பேருந்தில் பல மணித்தியாலம் குலுக்கி, இரவில் 16 பாகைத் தண்ணீரில் விட்டால், அதன் உடலில் அடங்கியிருந்த ஒட்டுண்ணிக்கு அதைவிட நல்ல வேளை வாய்க்காது. உங்கள் வெள்ளைப் புள்ளியும் அப்படி வந்ததாகவே இருக்கக்கூடும். வாங்கத்தான் வேண்டுமென்றால், இந்த இரண்டும் குணமாகி ஒரு மாதம் கழித்து, பண்டாரவளையிலோ கண்டியிலோ குளிர்ந்த தண்ணீரில் வைத்திருக்கும் கடையாகப் பார்த்து வாங்கி, ஆறு வாரம் தனி வாளியில் வைத்துப் பார்த்தபின் தொட்டியில் விடுங்கள். அந்த வாளிக்கென்று ஒரு தனி வலையும் வேண்டும்; ஈர வலையின் நூலிலிருந்தும் நோய் தொற்றும்.